ஐசி (அடையாள அட்டை) எண்ணைக் கடவுச்சொல்லாக வைத்திருப்பவர்களுக்கு

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் நகல் எடுக்கும் கடை நடத்துகிறேன். சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்து வருபவர்களுக்கு உதவித்தொகை விண்ணப்பம், சேமநிதிக் கணக்கு என்று இணையத்தில் நிரப்பிக் கொடுப்பதுதான் இப்போது பாதி வேலை. கடவுச்சொல் கேட்கும் இடம் வந்ததும் பெரும்பாலோர் சொல்வது, "ஐசி நம்பரையே போட்டுவிடு தம்பி, மறக்காது."

நான் போடுவதில்லை. அந்த 12 இலக்கங்களில் முதல் 6 பிறந்த தேதி. அடுத்த 2 பிறந்த மாநிலம்; பேராக் என்றால் பெரும்பாலும் 08. கடைசி இலக்கம் ஆணுக்கு ஒற்றை, பெண்ணுக்கு இரட்டை. உங்கள் பிறந்தநாளும் ஊரும் தெரிந்தவன் ஊகிக்க வேண்டியது கடைசி 4 இலக்கம் மட்டுமே. அதிலும் பாதி கழிந்துவிடும். மிஞ்சிப்போனால் 5,000 எண்கள். கணினிக்கு அது ஒரு வேலையே இல்லை. போதாக்குறைக்கு, அட்டையின் நகல் எத்தனை அலுவலகங்களில் கிடக்கிறது என்பது நகல் எடுத்துக் கொடுக்கும் எனக்குத் தெரியும்.

தைப்பூசத்துக்கு முன்பு ஓர் அக்கா பதறிக்கொண்டு வந்தார். அவர் பெயரில் கோயில் வாட்ஸ்அப் குழுவில் இருந்தவர்களிடம் 300 வெள்ளி (ரிங்கிட்) கைமாற்று கேட்டுச் செய்தி போய்க்கொண்டிருந்தது. முந்திய இரவு, தெரிந்தவர் எண்ணிலிருந்து, "தவறுதலாக உங்களுக்கு 6 இலக்க எண் வந்திருக்கும், அனுப்புங்கள்" என்று கேட்டிருக்கிறார்கள். அது அக்காவின் வாட்ஸ்அப் கணக்கைத் திறக்கும் சரிபார்ப்பு எண். அக்கா அனுப்பிவிட்டார். அந்தத் தெரிந்தவரின் கணக்கும் ஏற்கெனவே திருடப்பட்டதுதான். விஷயம் எப்படி வெளியே வந்தது தெரியுமா? அக்கா ஒருநாளும் எழுதி அனுப்புபவர் அல்லர், எப்போதும் குரல்பதிவுதான். எழுத்தில் பணம் கேட்டதைப் பார்த்ததும் அவருடைய கொழுந்தனார் மோட்டாரை எடுத்துக்கொண்டு நேரே வீட்டுக்குப் போய்விட்டார். நல்ல மனிதர்.

அக்காவின் எண்ணை வாட்ஸ்அப்பில் மறுபடி பதிவு செய்து, குறுஞ்செய்தியில் வந்த எண்ணைப் போட்டோம். திருடன் வெளியே போனான். ஆனால் அதற்குள் அவன் இரண்டு கட்டச் சரிபார்ப்புக்கென்று தனக்கு மட்டும் தெரிந்த ரகசிய எண்ணை (PIN) வைத்துவிட்டிருந்தான். அது தெரியாவிட்டால் 7 நாள் காத்திருக்க வேண்டும். அன்று மாலை முழுவதும் ஒவ்வொருவராக அழைத்து எச்சரித்தோம். பணம் அனுப்பிவிட்ட ஒருவரை உடனே மோசடிப் புகாருக்கான 997ஐ அழைக்கச் சொன்னேன்.

அதிலிருந்து கடைக்கு வருபவர் யாராக இருந்தாலும், வாட்ஸ்அப் அமைப்புகளுக்குள் போய் அந்த இரண்டு கட்டச் சரிபார்ப்பைப் போடவைத்துத்தான் அனுப்புகிறேன். இரண்டே நிமிட வேலை.

கடவுச்சொல்லுக்கு, ஒன்றுக்கொன்று ஒட்டாத நான்கு சொற்களைச் சேர்த்து எழுதச் சொல்கிறேன். முறம், மின்கம்பி, ஞாயிறு, புளிச்சாறு என்பதுபோல, இதையே எடுத்துக்கொள்ளாதீர்கள். குறியீடுகளைத் திணிப்பதைவிட நீளம்தான் பலம். மின்னஞ்சலுக்கு மட்டுமாவது வேறெங்கும் பயன்படுத்தாத சொற்கள் வேண்டும், ஏனென்றால் மற்றக் கணக்குகளின் கடவுச்சொல்லை மாற்றும் வழி அங்கேதான் வருகிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றும் பழக்கம் வேண்டாம். காரணமில்லாமல் அப்படி மாற்றவைக்கத் தேவையில்லை என்று அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனமே 2017இல் சொல்லிவிட்டது. மாற்றச் சொன்னால் மக்கள் கடைசியில் ஓர் எண்ணைத்தான் கூட்டுகிறார்கள்.

நோட்டில் எழுதக்கூடாது என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. எங்கோ இருந்து திருடுபவனுக்கு உங்கள் வீட்டு அலமாரி எட்டாது. எழுதிப் பூட்டி வையுங்கள். கைப்பேசி உறைக்குள் மட்டும் செருகி வைக்காதீர்கள்.

இப்போது வங்கிகள் குறுஞ்செய்திக் குறியீட்டை விட்டுச் செயலி வழி ஒப்புதலுக்கு மாறிவருகின்றன. கைப்பேசியே சாவியாகிவிட்டதால், 1234 என்று திரைப்பூட்டு வைத்திருக்கும் பெரியவர்களை நினைத்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது. உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு இதை எப்படிப் பழக்கினீர்கள்? எழுதுங்கள், கடையில் வருபவர்களுக்கும் சொல்கிறேன்.