ஏன் ஆறு தடவை? – சிறுநீர்ப்பை, புராஸ்டேட் சிகிச்சை எடுத்தவர்கள், கூட இருந்தவர்கள் சொல்லுங்கள்

கணக்குப்பிள்ளை:

வயது 63. போன வருடம் ஒரு நாள் காலை சிறுநீர் செம்மண் தண்ணீர் நிறத்தில் போனது. வலி இல்லை, எரிச்சல் இல்லை. மறுநாள் தெளிவாகிவிட்டது, நானும் மறந்துவிட்டேன். மூன்று வாரம் கழித்து மறுபடி வந்தபோதுதான் யூராலஜி டாக்டரிடம் போனேன். வலியே இல்லாமல் ரத்தம் போவதுதான் சிறுநீர்ப்பைப் புற்றுநோயின் வழக்கமான முதல் அடையாளம் என்று அவர் சொல்லித்தான் தெரியும். அந்த மூன்று வாரத்தை நினைத்தால் இப்போதும் என்மேல் கோபம் வருகிறது. சரி, அது போகட்டும்.

சிஸ்டோஸ்கோபி, அதாவது சிறுநீர்ப்பைக்குள் சின்னக் கேமராவை விட்டுப் பார்ப்பது, செய்தபோது திரையை என் பக்கம் திருப்பி வைத்திருந்தார்கள். சிறுநீர்ப்பையின் சுவரில் பாசி மாதிரி ஒன்று தண்ணீரில் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. அசிங்கமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். பார்க்க அழகாக இருந்தது, அதுதான் பயமாக இருந்தது. சிறுநீர் போகும் வழியாகவே கருவியை விட்டுச் சுரண்டி எடுத்தார்கள். தசைக்குள் இறங்கவில்லை, ஆனால் ஹை கிரேட், வீரியமான ரகம், என்று பயாப்ஸி வந்தது. அதனால் பிசிஜி: வாரம் ஒன்று, மொத்தம் ஆறு.

பிசிஜி என்றதும் கை தானாகத் தோள்பட்டைத் தழும்புக்குப் போனது. காசநோய் வராமலிருக்கக் குழந்தையில் போட்ட அதே தடுப்பூசி. வீரியம் குறைத்த அந்தக் கிருமியை உயிரோடு, மெல்லிய டியூப் வழியாகச் சிறுநீர்ப்பைக்குள் விடுகிறார்கள். 2 மணி நேரம் அடக்கி வைத்திருக்க வேண்டும். கிருமி உள்சுவரில் ஒட்டிக்கொள்ள, அதை விரட்ட உடம்பின் எதிர்ப்பு அணுக்கள் திரண்டு வர, வந்த வேகத்தில் புற்றணுக்களையும் சேர்த்து அடிக்கின்றன. எதிரி வீட்டு வாசலில் நாமே போய்ச் சண்டையைக் கிளப்பிவிடுகிற மாதிரி.

நான் முப்பத்தைந்து வருடம் கணக்கு எழுதியவன். எந்த எண்ணைப் பார்த்தாலும் ஆதாரம் கேட்கிற புத்தி. மூன்றாவது வாரம் டியூப் போட வந்த இளம் டாக்டரிடம், "ஏன் தம்பி ஆறு? அஞ்சு போதாதா, ஏழு கூடாதா?" என்று கேட்டேன். சிரித்துவிட்டு, படித்துவிட்டு வந்து சொல்கிறேன் என்றார். அடுத்த வாரம் நிஜமாகவே படித்துவிட்டு வந்தார்.

கனடாவில் கிங்ஸ்டன் என்ற ஊரில் ஆல்வாரோ மொராலஸ் என்ற மருத்துவர் 1976-இல் இந்தச் சிகிச்சையைப் பற்றி முதலில் எழுதினாராம். அவர் பார்த்தது வெறும் 9 நோயாளிகள். அந்த மருந்து ஆறு புட்டிகளாக வந்தது, அதனால் ஆறு தடவை. ஒருமுறை போட்டால் வருகிற எரிச்சல் ஒரு வாரத்துக்குள் அடங்கிவிட்டது, அதனால் வாரம் ஒன்று. அவ்வளவுதான்!

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. புட்டிக் கணக்கிலா என் சிறுநீர்ப்பை ஓடுகிறது? அந்தத் தம்பி விடவில்லை. "குறைத்துப் பார்த்திருக்கிறார்கள் சார்" என்றார். ஐரோப்பாவில் நிம்பஸ் என்று ஓர் ஆய்வு, 2020-இல் வெளிவந்தது. ஒரு குழுவுக்கு வழக்கம்போல ஆறு வாரம். இன்னொரு குழுவுக்கு 1, 2, 6 ஆகிய வாரங்களில் மட்டும்; பிறகு போடும் பராமரிப்பு டோஸ்களையும் குறைத்துக்கொண்டார்கள். குறைத்த குழுவில் 27 சதவீதம் பேருக்குக் கட்டி திரும்ப வந்தது, முழுதாகப் போட்ட குழுவில் 12 சதவீதம் பேருக்குத்தான். ஆய்வை நடுவிலேயே நிறுத்திவிட்டார்கள். குருட்டாம்போக்கில் வைத்த எண் சரியாக விழுந்திருக்கிறது.

இந்த மாதிரி, உங்கள் சிகிச்சைக்குப் பின்னால் இருந்த ஆராய்ச்சியோடு நேருக்கு நேர் முட்டிக்கொண்ட அனுபவம் யாருக்காவது உண்டா? ஆய்வில் சேர்ந்தவர்கள், சேர மறுத்தவர்கள் எல்லாரும் எழுதுங்கள்.

நாலோடு நின்றவன்:

ஆறு என்று படிக்கவே பொறாமையாக இருக்கிறது சார். எனக்கு நாலாவது போட்ட ராத்திரி குளிர்ஜுரம், இரண்டு நாள் ஆகியும் இறங்கவில்லை. ரத்தத்தில் கிருமி கலந்திருக்குமோ என்று காசநோய் மாத்திரை ஆரம்பித்து, பிசிஜியை நிறுத்திவிட்டார்கள். யாரையும் பயமுறுத்த எழுதவில்லை, பெரும்பாலானவர்களுக்கு எரிச்சலோடு போய்விடும். ஆனால் ஜுரம் விடாமல் அடித்தால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். நான் காத்திருந்தேன்.

சும்மா இருப்பவன்:

என் கதை நேர் எதிர். எனக்கு யாரும் எதையும் போடவில்லை.

58 வயதில் ரத்தப் பரிசோதனையில் பிஎஸ்ஏ (புராஸ்டேட் சுரப்பியில் உண்டாகும் புரதம், கூடினால் சந்தேகம்) 5.8. முதலில் எம்ஆர்ஐ, அதில் சந்தேகமாகத் தெரிந்த இடத்தில் மட்டும் குறிவைத்து ஊசி குத்தி பயாப்ஸி. கிளீசன் 3+3, நோயின் வீரியத்தை அளக்கும் கணக்கில் கீழ்ப்படி. புராஸ்டேட் புற்றுநோய்தான், ஆனால் சோம்பேறி ரகம். "இப்போதைக்கு ஒன்றும் செய்ய வேண்டாம், கண்காணிப்போம்" என்றார் டாக்டர். வீட்டில் பூகம்பம். என் மைத்துனர், "கேன்சரை உள்ளே வைத்துக்கொண்டு சும்மா இருக்கச் சொல்கிற டாக்டரும் ஒரு டாக்டரா மாமா?" என்று நேராகவே கேட்டார்.

டாக்டர் சளைக்காமல் என்னையும் மனைவியையும் உட்காரவைத்து பிரிட்டனில் நடந்த புரொடெக்ட் ஆய்வைச் சொன்னார். 1,643 பேரை மூன்றாகப் பிரித்து, ஒரு பங்குக்கு அறுவை சிகிச்சை, ஒரு பங்குக்குக் கதிர்வீச்சு, மீதிப் பேருக்குக் கண்காணிப்பு மட்டும். 15 வருடம் கழித்து 2023-இல் முடிவு வந்தது. மூன்று குழுவையும் சேர்த்து இந்த நோயால் இறந்தவர்கள் 45 பேர், அதாவது 2.7 சதவீதம். குழுவுக்குக் குழு பெரிய வித்தியாசம் இல்லை. மனைவி கெட்டிக்காரி, "அப்போ கண்காணிப்பில் ஒரு குறையும் இல்லையா?" என்று மடக்கினாள். இருக்கிறது என்று ஒப்புக்கொண்டார். நோய் வேறு இடத்துக்குப் பரவியது மற்ற இரண்டிலும் 5 சதவீதத்தை ஒட்டி, கண்காணிப்பில் 9 சதவீதத்துக்கு மேல். அதோடு, கண்காணிப்பில் ஆரம்பித்தவர்களில் பத்தில் ஆறு பேர் பின்னால் ஏதாவது ஒரு கட்டத்தில் சிகிச்சைக்குப் போயிருக்கிறார்கள். நேர்மையாகச் சொன்னதால்தான் நம்பினேன். அறுவை சிகிச்சை செய்தால் சிறுநீர்க் கசிவும் ஆண்மைக் குறைவும் வரலாம் என்பதும் தராசின் மறுதட்டில் இருந்தது.

இதில் எனக்குப் பிடித்த ஒரு துணுக்கு. அந்த ஆய்வின் ஆரம்பத்தில் ஆள் சேரவே இல்லையாம். 'காத்திருந்து பார்ப்பது' என்று சொன்னதை, 'நாம் சாவதைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்' என்று நோயாளிகள் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். சொல்லை 'தீவிரக் கண்காணிப்பு' என்று மாற்றி, விளக்குகிற விதத்தையும் மாற்றிய பிறகு ஆள் வந்தது. என் மைத்துனரும் அவர்களும் ஒரே ஜாதி!

மூன்று வருடம் ஆகிறது. ஆறு மாதத்துக்கொரு முறை பிஎஸ்ஏ. முடிவு வருகிற வாரம் மட்டும் நான் மனுஷனாக இருக்க மாட்டேன், மனைவியைக் கேட்டால் சொல்லுவாள்.

மூத்த மகள்:

அப்பாவுக்காக எழுதுகிறேன். அவருக்குக் கண்டுபிடிக்கும்போதே எலும்புக்குப் பரவியிருந்தது. இடுப்பு வலி என்று ஒரு வருடம் தைலம் தடவியிருக்கிறோம்.

முதலில் ஹார்மோன் ஊசி. ஆண் ஹார்மோனை அடக்கினால் புராஸ்டேட் புற்றுநோய் வாடிப்போகும் என்று சிகாகோவில் சார்லஸ் ஹக்கின்ஸ் 1941-இல் காட்டியது, 1966-இல் நோபல் பரிசு வாங்கியது, இதெல்லாம் நான் அப்புறம் படித்தேன். வீட்டில் நாங்கள் கண்டது, அப்பா திடீர் திடீரென்று வியர்த்து ஊற்றி மின்விசிறிக்குக் கீழே போய் நின்றதைத்தான். அம்மா ஒரு நாள், "இப்பத் தெரியுதா நான் ஐம்பது வயசுல பட்ட பாடு?" என்றார். அப்பா பதிலே சொல்லவில்லை. மறுநாள் அம்மாவின் பக்கம் மின்விசிறியைத் திருப்பி வைத்துவிட்டுப் படுத்தார்.

இரண்டரை வருடத்தில் அந்த ஊசி கேட்காமல் போனது. அப்போதுதான் ஆய்வு ஒன்றில் சேர்கிறீர்களா என்று கேட்டார்கள். கதிரியக்க மருந்து, நேராகப் புற்றணுவைத் தேடிப் போய் ஒட்டிக்கொள்ளும் என்றார்கள். சம்மதப் படிவம் இருபத்துச் சொச்சம் பக்கம். அப்பா ஓய்வுபெற்ற வாத்தியார், சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்து படித்து, இரண்டு எழுத்துப்பிழையைத் திருத்திக் கொடுத்தார்.

கணினிக் குலுக்கலில் அவருக்குப் பழைய சிகிச்சைக் குழு விழுந்தது. எனக்கு வந்த கோபத்தைச் சொல்ல முடியாது. ஆய்வின் ஒருங்கிணைப்பாளராக இருந்த பெண்மணியிடம், "நாங்கள் எதற்காக வந்தோமோ அதையே தரமாட்டீர்களா?" என்று கத்திவிட்டேன். விலகிவிடலாம் வாங்கப்பா என்றேன். அப்பா, "ரெண்டு செக்ஷன் இருந்தாத்தானே எந்தப் பாடத்திட்டம் நல்லதுன்னு தெரியும்? நான் பி செக்ஷன்ல இருந்துக்கிறேன்" என்றார். எனக்கு இன்றுவரை அது சரி என்று மனசு ஒப்பவில்லை. எழுதுவதற்காக ஒப்புக்கொண்ட மாதிரி எழுத மாட்டேன்.

பின்னால் அதே வகை மருந்து, லுட்டீசியம்-177, பொதுச் சிகிச்சைக்கு வந்தது, அப்பாவுக்கும் கிடைத்தது. ஆறு வாரத்துக்கொரு முறை. முன்னதாக எடுத்த பெட் ஸ்கேனில், நோய் இருக்கும் இடம் வெளிச்சமாகத் தெரியும் படத்தில், அவர் முதுகெலும்பு முழுக்கப் புள்ளி புள்ளியாக ஒளிர்ந்தது. ஊசி போட்ட பிறகு சில நாள் பேரனைத் தூக்கக் கூடாது. வாசற்படியில் நின்று இவர் கையாட்ட, அவன் உள்ளேயிருந்து கையாட்டுவான். வாய் வறண்டுபோனதுதான் பெரிய தொல்லை, உமிழ்நீர்ச் சுரப்பியிலும் அந்த மருந்து போய்த் தங்குமாம். நாலு சுற்றில் வலி மாத்திரை பாதியாகக் குறைந்தது. ஒன்பது மாதம் நன்றாக இருந்தார். பிறகு பிஎஸ்ஏ ஏறியது. போன வருடம் போய்விட்டார்.

கோப்புக்காரி:

மூத்த மகள் அம்மா, நான் வேறொரு இடத்தில் அதே ஒருங்கிணைப்பாளர் வேலை பார்க்கிறேன். நீங்கள் கத்தியதில் தப்பே இல்லை.

லுட்டீசியத்துக்கு வழி திறந்த விஷன் ஆய்வு 831 பேரோடு நடந்தது. யாருக்கு எது என்பது மறைவில்லை, எல்லாருக்கும் தெரியும். ஆரம்பத்தில், பழைய சிகிச்சை விழுந்தவர்களில் 56 சதவீதம் பேர் ஏமாற்றத்தில் விலகிப் போய்விட்டார்கள். ஆய்வே கவிழ்ந்திருக்கும். விளக்கிச் சொல்லும் முறையைச் சீர்ப்படுத்திய பிறகுதான் அது 16 சதவீதமாகக் குறைந்தது. 2021-இல் வந்த முடிவு: புதிய மருந்துக் குழுவில் இடைநிலை ஆயுள் (பாதிப் பேர் தாண்டிய காலம்) 15.3 மாதம், மற்றதில் 11.3. வித்தியாசம் நாலு மாதம். படிப்பவருக்குச் சின்ன எண்ணாகத் தெரியலாம்.

"எங்களைச் சோதனை எலி ஆக்குகிறீர்களா?" என்று வாரத்துக்கு ஒருவராவது கேட்பார்கள். கேட்பவர்களைத்தான் எனக்குப் பிடிக்கும், படிக்காமல் கையெழுத்துப் போடுகிறவர்களைப் பார்த்தால்தான் பயம். மூன்று விஷயம் கேளுங்கள்: குலுக்கலில் மற்ற குழு விழுந்தால் எனக்கு என்ன கிடைக்கும், எத்தனை தடவை கூடுதலாக வர வேண்டும், நடுவில் விலகினால் வழக்கமான சிகிச்சை தொடருமா. கடைசிக் கேள்விக்கு ஆம் என்று பதில் வர வேண்டும், அது உங்கள் உரிமை.

பொத்தான்:

என் கணவருக்குச் சிறுநீர்ப்பையிலிருந்து நுரையீரலுக்குப் பரவியிருந்தது. புற்றணுவுக்கே விஷத்தைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் என்ஃபோர்ட்டுமாப் வெடோட்டினும், உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் பெம்ப்ரோலிசுமாபும் சேர்த்துக் கொடுத்தார்கள். பழைய கீமோவில் 16 மாதமாக இருந்த இடைநிலை ஆயுள் இந்த ஜோடியில் 31 மாதத்தைத் தாண்டியது என்று டாக்டர் ஒரு வரைபடத்தைக் காட்டினார். இரண்டு கோடும் நடுவில் நன்றாக விலகிப் போயிருந்தன. இப்போது ஸ்கேனில் கட்டி பாதிக்கும் கீழே. ஆனால் விரல் நுனி மரத்துவிட்டது. சட்டைப் பொத்தான் போட வராது, நான்தான் போட்டுவிடுகிறேன். மரத்துப்போவதை உடனே டாக்டரிடம் சொல்லுங்கள், அளவைக் குறைப்பார்கள். இவர் மருந்தை நிறுத்திவிடுவார்களோ என்று இரண்டு மாதம் மறைத்துவிட்டார்.

கணக்குப்பிள்ளை:

எல்லாருடையதையும் இரண்டு தடவை படித்தேன். மூத்த மகள், உங்கள் அப்பா திருத்திய இரண்டு எழுத்துப்பிழையும் அடுத்த பதிப்பில் சரியாகியிருந்ததா?

தனியாகக் கேட்ட இருவருக்கு: பிசிஜிக்குப் பிறகு ஆறு மணி நேரத்துக்கு உட்கார்ந்தே சிறுநீர் போங்கள், தெறிக்கக் கூடாது. ஒவ்வொரு தடவையும் பிளீச் ஊற்றி 15 நிமிடம் விட்டுத்தான் தண்ணீர் விட வேண்டும், உள்ளே இருப்பது உயிருள்ள கிருமி. என் வீட்டில் கழிவறைக் கதவில் கடிகாரம் ஒன்றைத் தொங்கவிட்டிருக்கிறார்கள்.

எனக்கு ஆறும் முடிந்தது. வியாழக்கிழமை மூன்றாம் மாத சிஸ்டோஸ்கோபி. திரையை என் பக்கம் திருப்பச் சொல்லியிருக்கிறேன்.