ரௌட்டர் அடியில் இருக்கும் அந்தச் சின்ன எண்: உங்கள் அனுபவம் என்ன?

ஈரோடு

போன மாதம் எங்கள் தெருவில் ஜவுளிக் கடை வைத்திருக்கும் அண்ணன் பழைய வைஃபை ரௌட்டர் ஒன்றைக் கொண்டுவந்தார். கடைக்கு வெள்ளையடிக்கும்போது கழற்றி வைத்ததில் அடாப்டர் எங்கோ போய்விட்டது. வீட்டில் கிடந்தது என்று மூன்று அடாப்டரைப் பையில் போட்டு எடுத்து வந்திருந்தார். ஒன்று 5 வோல்ட், ஒன்று 9, ஒன்று 12. மூன்றுமே துளைக்குள் கச்சிதமாகப் போகிறது. ஆபத்தே அதில்தான், தப்பானதைச் செருகினாலும் கை தடுக்காது.

அடியில் இருந்த ஸ்டிக்கரில் மாடல் பெயர் தேய்ந்து போயிருந்தது, வோல்ட் எழுதியிருந்த இடமும் வழவழவென்று வெள்ளையாக இருந்தது. பார்கோடுக்குக் கீழே எஃப்சிசி ஐடி என்ற ஒரு வரி மட்டும் டார்ச்சைச் சாய்த்து அடித்தால் தெரிந்தது. அந்த ஒரு வரி போதுமாக இருந்தது.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எஃப்சிசி என்பது அமெரிக்காவின் தகவல்தொடர்பு ஆணையம். அங்கே விற்கப்போகும் வைஃபை கருவி எதுவானாலும் சோதனைக் கூடத்துக்குப் போய், சான்று வாங்கி, அந்தக் காகிதங்களில் பெரும்பகுதி யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி பதிவில் ஏற வேண்டும். ஐடியின் முன்பகுதி நிறுவனத்தின் குறி. ஆங்கில எழுத்தில் ஆரம்பித்தால் 3 எழுத்து, எண்ணில் ஆரம்பித்தால் 5. டிபி-லிங்க்கின் பழைய கருவிகளில் டிஇ7, நெட்கியரில் பிஒய்3, ஆப்பிளுக்கு பிசிஜி. மீதி அந்த நிறுவனமே வைத்துக்கொண்ட பெயர். ஆணையத்தின் தேடலில் இந்த இரண்டையும் தனித்தனிப் பெட்டியில் போட வேண்டும், நடுவில் ஒரு கோடு இருந்தால் அது இரண்டாவது பகுதியைச் சேர்ந்தது. முதல் தடவை அந்தக் கோட்டை விட்டுவிட்டு, பதிவே இல்லை என்று நினைத்து எழுந்துபோக இருந்தேன்.

உள்ளே லேபிளின் மாதிரிப் படம் இருந்தது. அண்ணன் ரௌட்டரில் தேய்ந்துபோன அதே ஸ்டிக்கர், புத்தம் புதிதாக. 9 வோல்ட், 0.6 ஆம்பியர், நடுமுனை பாசிட்டிவ். அவர் வீட்டில் ஏற்கனவே 12 வோல்ட்டைச் செருகிப் பார்க்கத்தான் இருந்தாராம், மகள் தடுத்திருக்கிறாள்.

பெட்டியில் அச்சடித்திருப்பது விற்பதற்காக எழுதியது, இந்தப் பதிவில் இருப்பது சோதித்துப் பார்த்து எழுதியது. அந்த வித்தியாசம் உங்களுக்கு எங்கே கைகொடுத்தது என்று எழுதுங்கள்.

மதுரை, சர்வீஸ் வேலை

அண்ணா, நீங்கள் சொன்னது லேபிள். எனக்குச் சோறு போடுவது உள்பக்கப் படங்கள். மூடியைக் கழற்றி, போர்டின் இரண்டு பக்கத்தையும், சில சமயம் தகர மூடியைப் பெயர்த்துச் சிப்பின் பெயர் தெரியும்படியும் எடுத்த படங்கள் அந்தப் பதிவில் இருக்கும்.

டியூஷன் சென்டர் ஒன்றிலிருந்து வந்த ரௌட்டர். ஃபர்ம்வேர், அதாவது ரௌட்டரின் உள்மென்பொருள், அப்டேட் ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போயிருக்கிறது. திரும்ப வந்தபோது பவர் விளக்கு மட்டும் எரிகிறது, வேறு அசைவே இல்லை. மூடியில் திருகு எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. நெம்பினால் கொக்கிகள் உடையும். வெளிப்பக்கப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன், பின்பக்க ரப்பர் கால்கள் இரண்டையும் உரித்துவிட்டு எடுத்திருந்தார்கள், அதற்கடியில் திருகு. உள்படத்தில் போர்டின் ஓரத்தில் வரிசையாக நாலு துளை. கருவி உள்ளே என்ன செய்கிறது என்பதைக் கணினித் திரையில் எழுத்தாகப் படிக்க உதவும் சீரியல் போர்ட் என்று பார்த்தவுடன் தெரிந்துவிடும்.

ஆனால் திறந்து கம்பி வைத்தால் திரையில் ஒரு எழுத்துகூட வரவில்லை. ஒரு மணி நேரம் போனது. பிறகு என் போர்டையும் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். படத்தில் அந்தத் துளைகளுக்கு முன்னால் கடுகு அளவில் இரண்டு ரெசிஸ்டர் இருந்தது. என் போர்டில் அந்த இடம் காலி, இரண்டு பளபளப்பான பொட்டுகள் மட்டும். சோதனைக்குப் போன மாதிரியில் வைத்துவிட்டு, விற்பனைக்கு வந்ததில் எடுத்துவிட்டார்கள். ரேடியோவின் வெளிப்பாடு மாறாத இந்த மாதிரிச் சின்ன மாற்றத்துக்குப் புதிதாக எதுவும் தாக்கல் செய்யத் தேவையில்லை. இரண்டு பொட்டையும் ஈயத்தால் இணைத்தேன், 115200 வேகத்தில் எழுத்துகள் அருவி மாதிரி கொட்டின. அப்புறம் என்ன, அரை மணி நேர வேலை.

புதிதாகக் கற்றுக்கொள்ளும் தம்பிகளுக்கு ஒன்று: அந்தத் துளைகளில் வருவது பெரும்பாலும் 3.3 வோல்ட். 5 வோல்ட் கேபிளை வைத்துவிடாதீர்கள். முன்பு விக்கிடெவி என்று ஒன்று இருந்தது, எந்த ரௌட்டரில் எந்தச் சிப், எஃப்சிசி ஐடி என்ன என்று ஆயிரக்கணக்கில் தொகுத்து வைத்திருந்தார்கள். 2019-ல் நின்றுபோனது. எனக்கு உண்மையிலேயே வருத்தம். அதில் கற்றுக்கொண்டுதான் நான் இந்தத் தொழிலுக்கு வந்தேன்.

சோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவன், ஊர் வேண்டாம்

படங்களைப் பார்க்கிறவர்கள் சோதனை அறிக்கையையும் திறந்து பாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். நூறு, இருநூறு பக்கம் இருக்கும், பயந்து மூடிவிடுகிறார்கள். அதை உருவாக்க நாங்கள் படும் பாடு அதில்தான் இருக்கிறது.

எதிரொலி எழாத அறை. நடுவில் சுழலும் மேசை. 1 கிகாஹெர்ட்ஸுக்குக் கீழே அளக்கும்போது மேசை உயரம் 80 சென்டிமீட்டர், அதற்கு மேலே 1.5 மீட்டர். ரௌட்டரை அதன் மேல் வைத்து, 3 மீட்டர் தள்ளி அளக்கும் ஆன்டெனா. மேசை முழு வட்டம் சுற்றும், ஆன்டெனா 1 மீட்டரிலிருந்து 4 மீட்டர் வரை ஏறி இறங்கும். எந்தக் கோணத்தில், எந்த உயரத்தில் கசிவு அதிகமோ அதுதான் கணக்கு. ஒரு மாடலுக்கு இதை எத்தனை சேனல் (அலைவரிசைப் பட்டையின் சிறு பிரிவு), எத்தனை வேகம் என்று திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும்.

உங்களுக்கு உடனே பயன்படக்கூடிய ஒன்றைச் சொல்கிறேன். அமெரிக்க விதியில் 2.4 கிகாஹெர்ட்ஸில் 1 வாட் வரை அனுமதி. ஆனால் அந்தப் பட்டைக்கு வெளியே, 2390 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழும் 2483.5 மெகாஹெர்ட்ஸுக்கு மேலும் உள்ள அலைவரிசைகளில் எதுவும் கசியக்கூடாது என்று வைத்திருக்கும் வரம்பு மிகமிகக் கண்டிப்பானது. நடுவில் இருக்கும் சேனல் 6-ல் ரௌட்டர் தாராளமாகக் கத்தலாம். ஓரத்தில் இருக்கும் 1-லும் 11-லும் அதே சத்தத்தில் கத்தினால் வேலிக்கு வெளியே கேட்கும், தேறாது. அதனால் அந்த இரண்டு சேனலிலும் திறனைக் குறைத்துத்தான் பல கருவிகள் தேறுகின்றன. அறிக்கையில் சேனல் வாரியாக வெளியீட்டுத் திறன் அட்டவணை இருக்கும், மூன்று வரியையும் ஒப்பிட்டுப் பாருங்கள். அமெரிக்கக் கருவியை வைத்துக்கொண்டு, "கூட்டம் இல்லை என்று 11-க்கு மாற்றினேன், மாடி அறையில் சிக்னல் குறைந்துவிட்டது" என்று சொல்பவர்களுக்குப் பல நேரம் பதில் அந்த அட்டவணையில்தான்.

தயாரிப்பாளர் கேட்டுக்கொண்டால் சர்க்யூட் வரைபடத்தை நிரந்தரமாக மறைத்து வைப்பார்கள். படங்களையும் கையேட்டையும் பொருள் கடைக்கு வரும் வரை, அதிகபட்சம் 180 நாள் மறைக்கலாம். புது மாடலில் படம் இல்லை என்றால் சில மாதம் கழித்து மறுபடி பாருங்கள்.

தஞ்சாவூர் வீடு, இப்போது நியூஜெர்சி

சேனல் என்றதும் எனக்கு நினைவு வந்தது. பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். அப்பாவின் வீட்டு வைஃபையில் அம்மாவின் போன், தம்பியின் போன், டிவி எல்லாம் வேலை செய்கிறது. நான் அமெரிக்காவில் வாங்கிய லேப்டாப்பில் மட்டும் அந்தப் பெயரே பட்டியலில் வரவில்லை. கடவுச்சொல் தப்பு என்றால்கூடப் பரவாயில்லை, பெயரே இல்லை. பக்கத்து வீட்டு வைஃபை தெரிகிறது, கூடத்தில் கண்முன்னே இருக்கும் எங்கள் ரௌட்டர் தெரியவில்லை. கேபிள்காரத் தம்பி இரண்டு தடவை வந்து ரீசெட் செய்தார். அலுவலகக் கூட்டம் எல்லாம் போனிலிருந்தே பார்த்தேன்.

மூன்றாம் நாள் லேப்டாப்பைக் கவிழ்த்துப் பார்த்தேன். அடியில், உள்ளே இருக்கும் வைஃபை அட்டையின் எஃப்சிசி ஐடி பொடி எழுத்தில் இருந்தது. சான்றிதழைத் தேடி எடுத்தால் ஒரு வரி: 2412 முதல் 2462 மெகாஹெர்ட்ஸ் வரை. அதாவது சேனல் 1 முதல் 11 வரை. அப்பாவின் ரௌட்டர் தானாகத் தேர்ந்தெடுத்து உட்கார்ந்திருந்தது 13-ல், 2472. இந்தியாவில் 13-ஐப் பயன்படுத்தலாம், தப்பே இல்லை. என் லேப்டாப்புக்கு அந்த இடத்தில் காதே கிடையாது. ரௌட்டரில் ஆட்டோவை எடுத்துவிட்டு 6 என்று வைத்தேன், அடுத்த நொடி பெயர் வந்தது. வெளிநாட்டிலிருந்து வரும் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் இதை நினைவில் வையுங்கள். அந்தத் தம்பிக்குப் போன் செய்து சொன்னேன், குறித்து வைத்துக்கொண்டார்.

திருநெல்வேலி, கல்லூரி ஆய்வகப் பொறுப்பு

எங்கள் துறைக்கு வைஃபை பரப்பும் 20 ஆக்சஸ் பாயிண்ட் வாங்க மூன்று கொட்டேஷன் வந்தது. குறைந்த விலைக்காரர் தந்த தாளில் "ட்யூயல் பேண்ட்" என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தது. பெயரைச் சொல்ல விரும்பவில்லை. மாதிரிக்கு ஒன்று அனுப்பச் சொல்லி, எஃப்சிசி ஐடியைப் பார்த்தேன். இரண்டு பட்டையிலும் இயங்கும் கருவி என்றால் ஒரே ஐடிக்குக் கீழே குறைந்தது இரண்டு சான்று இருக்கும், 2.4-க்கு டிடிஎஸ் என்ற வகையில் ஒன்று, 5 கிகாஹெர்ட்ஸுக்கு என்ஐஐ என்ற வகையில் ஒன்று. இதில் டிடிஎஸ் மட்டும்தான் இருந்தது. மேசை மேல் வைத்து இயக்கிப் பார்த்தோம், 5 கிகாஹெர்ட்ஸில் பெயரே வரவில்லை.

இங்கே இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். எஃப்சிசி இருக்கிறது என்பதால் இந்தியாவில் அனுமதி இருக்கிறது என்று ஆகிவிடாது. நமக்குத் தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூபிசி பிரிவு தரும் ஈடிஏ என்ற கருவி அனுமதிச் சான்று தனி. 2019-லிருந்து சரள் சஞ்சார் தளத்தில் சுய உறுதிமொழியாகவே எடுக்கிறார்கள். அடாப்டருக்கு இந்தியத் தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ் தரும் பதிவு எண், ஆர் என்று ஆரம்பிக்கும், அதுவும் தனி. நான் ஈடிஏ நகல் கேட்டதும் உடனே அனுப்பினார்கள். பார்த்தால் அது வேறு மாடலுடையது, பெயரில் ஒரே ஒரு எழுத்து வித்தியாசம். கமிட்டியில் ஐந்து பேர் கையெழுத்துப் போட்ட பிறகு நான் அதைக் கண்டுபிடித்தேன். ஐந்து பேரில் நானும் ஒருத்தி. இப்போது எழுத்து எழுத்தாக விரல் வைத்துப் படித்த பிறகுதான் கையெழுத்து.

இந்தியாவில் 2.4-ஐ உரிமம் இல்லாமல் பயன்படுத்த 2005-லேயே அனுமதித்துவிட்டார்கள். 5 கிகாஹெர்ட்ஸில் மொத்தம் 605 மெகாஹெர்ட்ஸைத் திறந்துவிட்டது 2018 அக்டோபரில்தான். பழைய ஸ்டாக்கில் உள்ள ஈடிஏக்களைப் பார்க்கும்போது எந்த ஆண்டு எடுத்தது, எந்தப் பட்டைகளை எழுதியிருக்கிறது என்று பாருங்கள்.

கோயம்புத்தூர்

மேடம் சொன்ன அந்த ஒரு எழுத்து விஷயம் என்னைச் சுட்டது. நான் தோட்டத்து மோட்டாரைப் போனிலிருந்து போடுவதற்குப் பெட்டி செய்து தருகிறேன். உள்ளே இருப்பது நகக்கண் அளவு வைஃபை மாட்யூல், அதன் தகர மூடியில் "எஃப்சிசி ஐடி 2ஏடியூஐஇஎஸ்பி-12, ஏஐ-திங்கர்" என்று பொறித்திருக்கும், கீழே "பிஏ +25டிபிஎம்" என்றும். டிபிஎம் என்பது சிக்னலின் திறனைச் சொல்லும் அளவு. அந்தச் சிப்பின் தரவுத்தாளில் உச்சமே ஏறக்குறைய 20 டிபிஎம்தான். 5 டிபி என்றால் மூன்று மடங்குக்கு மேல் வித்தியாசம்.

போன வருடம் இரண்டு கடையில் வாங்கிய மாட்யூல்கள். மூடியில் ஒரே எழுத்து, ஒரே ஐடி. ஒரு லாட் கிணற்றடியிலிருந்து வீட்டு ரௌட்டரைப் பிடிக்கிறது, இன்னொன்று பாதித் தூரத்தில் விட்டுவிடுகிறது. உருப்பெருக்கியில் பார்த்தால் ஓரத்தில் செம்புக் கோடு மாதிரி வளைந்து வளைந்து போகும் ஆன்டெனாவின் வடிவமே வேறு வேறு. மூடியில் எழுதுவதற்கு ஒரு லேசர் போதும், யாரும் எழுதலாம். அதனால் இப்போது பதிவில் இருக்கும் படத்தைப் பிரிண்ட் எடுத்து மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன். லாட் வந்தவுடன் ஐந்தை எடுத்து அந்தப் படத்தின் மேலேயே வைத்து ஒப்பிடுகிறேன், வளைவு ஒத்துப்போகவில்லை என்றால் திருப்பி அனுப்பிவிடுகிறேன். ஒரு விவசாயி நடுராத்திரி மும்முனை மின்சாரம் வரும் நேரத்துக்கு இதை நம்பித்தான் தூங்கப் போகிறார்.

விழுப்புரம்

எல்லாவற்றையும் படித்தேன். ஒரு சந்தேகம், லேபிளே முழுதாகக் கிழிந்துபோனால் என்ன செய்வது?

ஈரோடு

தம்பி, பெட்டியோ கையேடோ இருந்தால் அதில் பாருங்கள். மூடியைத் திறந்தால் போர்டிலேயே மாடலும் பதிப்பும் அச்சடித்திருக்கலாம், அதை வைத்துப் பெயர் பிடித்துவிடலாம். திரை உள்ள கருவி என்றால் செட்டிங்ஸில் ஒழுங்குமுறை விவரம் என்ற இடத்தில் இருக்கும், 2014-லிருந்து அமெரிக்கச் சட்டம் அதை அனுமதிக்கிறது. எதுவும் இல்லை என்றால் போர்டின் இரண்டு பக்கத்தையும் நல்ல வெளிச்சத்தில் படம் எடுத்துப் போடுங்கள், மதுரைத் தம்பி கண்டுபிடித்துவிடுவார்.

விழுப்புரம்

சரி அண்ணா. வாசலுக்கு மேலே பரணில் கிடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை இறக்கித் திறக்கிறேன்.