மீட்கப்பட்ட யானைகளைப் பார்க்கப் போகிறோம்: நல்ல இடம் எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

மழைக்குருவி கேட்டது:

குடும்பத்தோடு தாய்லாந்தில் சியாங் மாய் போகிறோம். மீட்கப்பட்ட யானைகளை வைத்துப் பராமரிக்கும் ஒரு நல்ல இடத்துக்கு ஒரு முழு நாள் ஒதுக்கியிருக்கிறோம். சவாரி வேண்டாம் என்பதில் வீட்டில் எல்லாருக்கும் ஒரே கருத்து, அதில் குழப்பம் இல்லை. குழப்பம் எங்கே என்றால், தேடினால் வருகிற இடம் அத்தனையும் தன்னைச் சரணாலயம் என்றோ மீட்பு மையம் என்றோதான் சொல்லிக்கொள்கிறது. 'இங்கே சவாரி கிடையாது' என்று கொட்டை எழுத்தில் போட்டுவிட்டு அதற்குக் கீழேயே 'யானையோடு சேற்றுக் குளியல், குட்டியோடு விளையாட்டு' என்று போட்டிருக்கிறார்கள். விமர்சனம் எல்லாம் ஐந்து நட்சத்திரம். படங்களில் எல்லாரும் தும்பிக்கையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்கள்.

சவாரி இல்லை என்றால் மட்டும் போதுமா? குளிப்பாட்டுவதில் என்ன தப்பு, யானைக்குத் தண்ணீர் என்றால் உயிராயிற்றே? சங்கிலியைப் பார்த்தால் உடனே திரும்பி வந்துவிட வேண்டுமா? பணம் கட்டுவதற்கு முன்னால் அவர்களிடம் என்ன கேட்கலாம்? மகளுக்கு ஒன்பது வயது, யானையைத் தேய்த்துக் குளிப்பாட்டியே தீருவேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். அவளுக்குச் சொல்லவும் ஒரு காரணம் வேண்டும்.

காட்டுப்பாதை எழுதியது:

குளியலில் இருந்தே ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் இப்போது ஏமாற்று வேலை அதிகம் நடப்பது அங்கேதான். யானைக்குத் தண்ணீர் பிடிக்கும், சரி. ஆனால் தனக்குத் தோன்றும்போது இறங்கி, தோன்றும்போது கரையேறி, ஏறிய கையோடு மண்ணை வாரி முதுகில் போட்டுக்கொள்ளத்தான் அதற்குப் பிடிக்கும். வெயிலுக்கும் பூச்சிக்கும் அந்த மண்தான் பாதுகாப்பு. காலையில் ஒரு கூட்டம், பதினொன்றரைக்கு இன்னொரு கூட்டம், மத்தியானம் மறுபடி என்று ஆட்கள் வந்துகொண்டே இருந்தால், யானை கடிகாரம் பார்த்து ஆற்றில் படுத்தாக வேண்டும், போட்டுக்கொண்ட மண்ணை ஒவ்வொரு முறையும் யாராவது தேய்த்துக் கழுவிக்கொண்டிருப்பார்கள். முன்பின் தெரியாத பதினைந்து பேர் வாளியும் பிரஷ்ஷுமாகச் சூழ்ந்து கூச்சல் போட்டும் ஒரு யானை நகராமல் கிடக்கிறது என்றால், நகர்ந்தால் என்ன ஆகும் என்று அதற்கு எப்போதோ அடித்துச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். முதுகில் அம்பாரி கட்ட எந்தப் பழக்கம் தேவையோ அதே பழக்கம்தான் இதற்கும் தேவை. ஆபத்தும் இருக்கிறது. 2025 ஜனவரியில் தெற்குத் தாய்லாந்தில் ஒரு மையத்தில் யானையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்த ஸ்பெயின் நாட்டு மாணவி ஒருவர் அந்த யானை தாக்கி இறந்துபோனார். அவருக்கு வயது 22.

ஆகவே நான் பார்ப்பது ஒன்றே ஒன்று: உங்களைப் பிடிக்கவில்லை என்றால் அந்த யானை விலகிப் போக முடியுமா? போனால் யாராவது அதைத் திருப்பி ஓட்டிக்கொண்டு வருவார்களா? இதற்கு நேரான பதில் கிடைத்துவிட்டால் பெயர்ப்பலகையில் என்ன எழுதியிருந்தாலும் கவலைப்பட வேண்டாம்.

அப்புறம் கேட்க வேண்டியவை. யானை உங்களுடையதா, வாடகைக்கு வந்ததா என்று கேளுங்கள். தாய்லாந்தில் வளர்ப்பு யானைகள் 1939-ஆம் ஆண்டின் சுமை விலங்குச் சட்டத்தின் கீழ்தான் வருகின்றன, அதாவது மாடு மாதிரி சொத்து, சொந்தக்காரர் விற்கலாம், வாடகைக்கு விடலாம். வாடகை யானை என்றாலே மோசம் என்று சொல்லவில்லை, ஆனால் 'மீட்டோம்' என்று அவர்கள் சொன்னால் எங்கிருந்து, எந்த வேலையிலிருந்து, இனி அது திரும்பிப் போகாது என்பதற்கு என்ன உறுதி என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. நல்ல இடத்தில் ஒவ்வொரு யானையின் கதையையும் பெயரோடு சொல்வார்கள், சொல்ல ஆரம்பித்தால் நிறுத்தவே மாட்டார்கள். குட்டி இருந்தால் அது எப்படி வந்தது என்று கட்டாயம் கேளுங்கள். யானை 22 மாதம் சுமந்து ஒரு குட்டி போடுகிறது. ஒரு மையத்தில் எப்போது போனாலும் விளையாடுவதற்குச் சின்னக் குட்டி தயாராக இருக்கிறது என்றால் அங்கே மீட்பு நடக்கவில்லை, வியாபாரம் நடக்கிறது.

கறுப்புக்குடை எழுதியது:

மேலே சொன்னது எல்லாம் சரி, ஆனால் இந்த விஷயத்தில் பாகனை வில்லனாக்கி எழுதுவது ஒரு வழக்கமாகிவிட்டது, அதில் எனக்கு உடன்பாடு இல்லை. 1989-இல் தாய்லாந்து அரசு இயற்கைக் காடுகளில் மரம் வெட்டுவதைத் தடை செய்தது. காட்டுக்கு நல்லதுதான், ஆனால் மரம் இழுத்துக்கொண்டிருந்த யானைகளும் பாகன்களும் ஒரே நாளில் வேலை இல்லாமல் நின்றார்கள். அதற்குப் பிறகுதான் நகரத் தெருக்களில் பிச்சை, சர்க்கஸ் வித்தை, சவாரி எல்லாம் பெருகியது. வளர்ந்த யானை நாளுக்குச் சுமார் 150 கிலோ தீவனம் தின்னும், அதை யார் தருவது? 2020-இல் கொரோனாவால் பயணிகள் வரவு நின்றதும் நூற்றுக்கும் மேற்பட்ட யானைகளை மலைக்கிராமங்களுக்கு நடத்தியே கூட்டிப்போனார்கள், முகாமில் வைத்துத் தீனி போட வழியில்லை. நீங்கள் கட்டும் பணம்தான் அந்தத் தீவனம். அதனால் 'எங்கேயும் போகவே கூடாது' என்ற பேச்சை நான் ஏற்கவில்லை, நல்ல இடத்துக்குப் பணம் போக வேண்டும்.

சங்கிலி பற்றிக் கேட்டீர்கள். பார்த்தவுடன் ஓடி வர வேண்டாம். மத நீர் வடிகிற ஆண் யானையைக் கட்டாமலோ அடைக்காமலோ விட்டால் ஆள் செத்துப்போவார். இரவில் அவிழ்த்துவிட்டால் பக்கத்து வயலை மேய்ந்துவிட்டு வரும், விவசாயி சும்மா இருப்பாரா? எவ்வளவு நேரம், எவ்வளவு நீளம், அடியில் மண்ணா சிமெண்டா, படுத்து எழ முடிகிறதா என்றுதான் பார்க்க வேண்டும். வசதி உள்ள இடங்களில் இரவுக்குக் கொட்டில் கட்டிச் சங்கிலி இல்லாமல் விடுகிறார்கள், அது இன்னும் நல்லது.

ஆனால் பாகன் கையில் கவனம் இருக்கட்டும். அங்குசம் இல்லாதது மாதிரி இருக்கும், உள்ளங்கையில் ஆணி இருக்கும். காதுக்குப் பின்னால் ஆறாத புண் இருந்தால் பாகன் எவ்வளவு சிரித்தாலும் நம்பாதீர்கள்.

துளசிமாடம் எழுதியது:

கால்நடை மருத்துவத் துறையில் இருப்பதால் இரண்டு விஷயம் மட்டும். யானையின் முதுகெலும்பில் மேல்நோக்கி நீட்டிக்கொண்டிருக்கும் எலும்பு முனைகள் உண்டு, வருஷக்கணக்கில் அம்பாரி சுமந்த யானையைப் பக்கவாட்டில் இருந்து பார்த்தால் முதுகு அமுங்கி உருமாறியிருப்பதே தெரியும், தோலில் தழும்பும் இருக்கும். மீட்பு மையத்தில் இப்படிப்பட்ட கிழட்டு, நொண்டி, குருட்டு யானைகள் இருந்தால் முகம் சுளிக்காதீர்கள், அவைதான் இருக்க வேண்டும். எல்லா யானையும் இளசாக, பளபளப்பாக இருந்தால்தான் எனக்குச் சந்தேகம் வரும். அதே மாதிரி தலையை ஆட்டிக்கொண்டு இடமும் வலமுமாக ஆடுவது. கூட்டம் அதை 'டான்ஸ்' என்று படம் எடுக்கும். அது வருஷக்கணக்கில் கட்டிப்போட்டதால் வரும் மனநோய், நல்ல இடத்துக்கு வந்த பிறகும் பழைய யானை சிலது அதை விடுவதில்லை. எனவே ஒரு யானை ஆடினால் இடம் மோசம் என்று முடிவு கட்ட வேண்டாம், எல்லாமே ஆடினால் கிளம்பிவிடுங்கள்.

இன்னொன்று காசநோய். மனிதரிடமிருந்து யானைக்கும் யானையிடமிருந்து மனிதருக்கும் பரவும். தொடாதே என்று ஒரு மையம் சொன்னால் கெடுபிடி என்று நினைக்காதீர்கள், அதற்கு மருத்துவக் காரணமும் உண்டு. அமெரிக்காவில் டென்னசியில் 1995-இல் தொடங்கிய யானைச் சரணாலயம் பொதுமக்களை யானைகள் பக்கம் விடுவதே இல்லை, கேமரா வழியாகத்தான் பார்க்க முடியும்.

மழைக்குருவி எழுதியது:

அனைவருக்கும் நன்றி, இவ்வளவு விஷயம் இருக்கும் என்று நினைக்கவில்லை. ஒரு சந்தேகம், தொடாமல், குளிப்பாட்டாமல், ஒரு நாள் முழுக்க என்னதான் செய்வது? நான் பொறுத்துக்கொள்வேன், ஒன்பது வயது பொறுக்குமா?

காட்டுப்பாதை எழுதியது:

பொறுக்கும், சொல்கிற விதத்தில் சொன்னால். சியாங் மாய்க்கு வடக்கே மே தெங் பள்ளத்தாக்கில் இருக்கும் எலிஃபன்ட் நேச்சர் பார்க்கை எடுத்துக்கொள்ளுங்கள், லெக் சைலெர்ட் என்ற பெண்மணி நடத்துவது. அங்கே ஜோக்கியா என்று ஒரு யானை, மரம் இழுக்கிற வேலையில் இருந்தபோது இரண்டு கண்ணும் போனது. மே பெர்ம் என்ற இன்னொரு யானை அதற்குத் துணையாகச் சேர்ந்துகொண்டு வருஷக்கணக்கில் மேய்ச்சலுக்கும் ஆற்றுக்கும் வழிகாட்டியது. இந்தக் கதையைச் சொல்லுங்கள், குளியலை மறந்துவிடுவாள்.

பல்லைப் பற்றியும் சொல்லுங்கள். யானைக்கு வாழ்நாளில் ஆறு தடவை கடைவாய்ப் பற்கள் முளைக்கும், கடைசி ஜோடியும் தேய்ந்துவிட்டால் புல்லை மெல்ல முடியாது, வாயில் போட்டுக் கொஞ்ச நேரம் புரட்டிவிட்டுச் சக்கையாகத் துப்பிவிடும். அப்படிப்பட்ட கிழவிகளுக்குத் தோல் உரித்த பழத்தையும் வெந்த சோற்றையும் பிசைந்து உருண்டை பிடிக்கிற வேலை இருக்கும், பார்வையாளர்களையும் அதில் சேர்த்துக்கொள்கிற மையங்கள் உண்டு. பிள்ளைகளுக்குக் குளிப்பாட்டுவதை விட இது பிடிக்கும், கை முழுக்க அப்பிக்கொள்ளுமே. மற்ற நேரமெல்லாம் பார்ப்பதுதான். அது புல்லை ஒரு பிடி பறித்து முன்காலில் தட்டி மண்ணை உதறிவிட்டு வாயில் வைப்பதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம், பைனாகுலர் இருந்தால் எடுத்துப்போங்கள்.

வேறு நாட்டுப் பயணத்தில் குட்டிகளையே பார்க்க ஆசை என்றால், நைரோபியில் ஷெல்ட்ரிக் அறக்கட்டளையின் அனாதைக் குட்டிகளைப் பார்க்க நாளுக்கு ஒரு மணி நேரம்தான் அனுமதி. இலங்கையில் உடவளவை யானைகள் இடைத்தங்கல் இல்லம் 1995-இல் வந்தது, பால் கொடுப்பதை மேடையில் நின்று பார்த்துவிட்டு வர வேண்டியதுதான். இரண்டு இடத்திலும் குட்டிகள் வளர்ந்து காட்டுக்குத் திரும்புகின்றன, அதனால்தான் பார்வையாளர்களை ஒட்டவிடுவதில்லை.

மழைக்குருவி எழுதியது:

நீங்கள் சொன்ன கேள்விகளை என் பட்டியலில் இருந்த மூன்று இடங்களுக்கும் எழுதி அனுப்பினேன். ஒருவர் பதிலே போடவில்லை. இன்னொருவர் பக்கம் பக்கமாக யானைகளின் வரலாறு அனுப்பிவிட்டு, யானை ஆற்றுக்கு வரும் என்று உத்தரவாதம் தர முடியாது, வராவிட்டால் பணம் திருப்பித் தர மாட்டோம் என்றும் எழுதியிருக்கிறார்கள். மூன்றாமவர், குட்டி எங்கிருந்து வந்தது என்று கேட்டதற்கு, 'இங்கேயே பிறந்ததுதான், நீங்கள் வரும்போது இன்னொன்றும் இருக்கும், பால் புட்டி நீங்களே கொடுக்கலாம்' என்று சிரிப்புப் பொம்மை போட்டுப் பதில் சொல்லியிருக்கிறார்கள். இரண்டாவது இடத்துக்கு முன்பதிவு செய்துவிட்டேன்.