பந்து பிடிக்கிற டைட் எண்ட் ஒருவன் கிடைத்திருக்கிறான், எங்கே நிறுத்துவது?

பல்லடம் ரோடு:

வணக்கமுங்க. கோவையில் ஞாயிற்றுக்கிழமை காலையில் அமெரிக்கன் ஃபுட்பால் ஆடுகிற குழு எங்களுடையது. காலேஜ் பையன்கள் பாதி, வேலைக்குப் போகிறவர்கள் பாதி. ஹெல்மெட், தோள் கவசம் எல்லாம் எங்களுக்குக் கட்டுப்படியாகாது. அதனால் டேக்கிள் செய்து சாய்ப்பது இல்லை, இரண்டு கையாலும் தொட்டால் டவுன், ஆட்டம் அங்கேயே நிற்கும். ஆனால் பக்கத்துக்கு 11 பேர், பிளாக்கிங், அதாவது எதிராளியை முட்டித் தடுப்பது, உண்டு. மற்றபடி அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல். விதிகளைத்தான் முடிந்தவரை வைத்துக்கொள்கிறோம். பிளே, அதாவது ஒவ்வொரு முறையும் யார் எங்கே நின்று என்ன செய்வது என்று, சொல்கிற பொறுப்பு என்னுடையது.

அவிநாசியிலிருந்து ஒரு தம்பி புதிதாக வந்து சேர்ந்திருக்கிறான். பாஸ்கெட்பாலில் சென்டர் ஆடியவன். ஆறடி மூன்றங்குலம், நல்ல உடம்பு, கைக்கு வந்த பந்தை விடுவதே இல்லை. முன்வரிசை முனையில் நின்று முட்டவும் பந்து பிடிக்கவும் செய்கிற டைட் எண்டாகப் போட்டோம், ஆரம்பத்தில் அருமையாகப் போனது. இப்போது எதிரணிக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. முன்வரிசையின் வலது ஓரத்துத் தடுப்பாளனை, அவனுக்கும் டேக்கிள் என்றுதான் பெயர், ஒட்டியே எப்போதும் நிற்கிறான் என்பதால், கிளம்பும்போதே ஒருவன் நெஞ்சில் கை வைத்து நிறுத்துகிறான், பின்னால் இன்னொருவன் காத்துக்கொண்டிருக்கிறான்.

குழுவுக்குள் இப்போது இரண்டு கட்சி. அவனைப் பந்து பிடிக்க மட்டுமே ஓடுகிற முழுநேர ரிசீவராக ஓரத்துக்கு அனுப்பச் சொல்கிறார்கள் சிலர். ஆறடி மூன்றங்குல ஆளை பிளாக்கிங்கிலிருந்து எடுத்தால் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடுகிற நம் ஓட்டமே போய்விடும் என்கிறார்கள் மற்றவர்கள். அவனுக்கு வேகம் சுமார்தான், ஓரத்து ரிசீவர்களைக் காவல் காக்கிற எங்கள் கார்னர்பேக்குகளோடு ஓடினால் தோற்றுவிடுவான். அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்க.

ஈரோடு 88:

ரிசீவராக மாற்றிவிடுங்க. இப்போது நல்ல டைட் எண்டுகள் எல்லாரும் பாதி ரிசீவர்தான். என்.எஃப்.எல். டைட் எண்ட் பிராக் போவர்ஸைப் பாருங்க. 2024இல் முதல் சீசனிலேயே 112 கேட்ச், 1,194 யார்டு. முதல் வருஷ ஆட்டக்காரர் யாரும், எந்த இடத்தில் ஆடியவரும், அதுவரை அத்தனை கேட்ச் பிடித்ததில்லை. கையில் பந்து நிற்கிற ஆளை எதற்கு முட்ட விட வேண்டும்?

வாய்க்கால்மேடு:

தம்பி, நான் கோபிக்காரன். கன்சாஸ் சிட்டியில் சில வருஷம் வேலை பார்த்தேன். அங்கே மகன் படித்த பள்ளியின் அணிக்கு, ஆட்டத்தை மேலே நின்று வீடியோ எடுத்துத் தருகிற வேலையை நான்தான் செய்தேன். கீழே உட்கார்ந்து பார்த்தால் கண் பந்தின் பின்னாலேயே போகும். மேலிருந்து பார்த்தால்தான் டைட் எண்ட் நாலு அடி தள்ளி நின்றதும் எதிரணியில் மூன்று பேர் இடம் மாறுவது தெரியும். அந்த மூன்று பேரைப் பாருங்க. உங்கள் கேள்விக்குப் பதில் அவர்களிடம்தான் இருக்கிறது.

அதாவது, உங்கள் பையனை நிறுத்திவிட்டு அவனுக்கு எதிரே யார் வருகிறார்கள் என்று கவனிக்க வேண்டும். லைன்பேக்கர், அதாவது முன்வரிசைக்குப் பின்னால் நிற்கிற கனமான காவல்காரன், வந்தால் சந்தோஷப்படுங்க. சுமாரான வேகமே லைன்பேக்கருக்கு அதிகம். நேராக மேலே ஓடவிடலாம், குறுக்கே ஓடவிடலாம். எல்லாருக்கும் பின்னால் காவல் நிற்கிற சேஃப்டி வந்தால் வேகத்தில் ஜெயிக்க முடியாது, ஆனால் அந்த சேஃப்டி அனேகமாக உங்கள் பையனின் தோளுக்குத்தான் இருப்பான். ஓடி, நின்று, திரும்பி, உடம்பை நடுவில் வைத்து, பந்தை உயரத்தில் வாங்க வேண்டியதுதான். பாஸ்கெட்பாலில் ரீபவுண்டுக்கு முதுகைக் கொடுத்து இடம் பிடிப்பானே, அதே வேலை. கார்னர்பேக் வந்தால் பாஸை மறந்துவிட்டு அந்தப் பக்கமே பந்தை எடுத்துக்கொண்டு ஓடுங்க. எடை குறைந்த கார்னரால் இவன் பிளாக்கைத் தாங்க முடியாது.

ஈரோட்டுத் தம்பி சொன்ன கணக்கு சரிதான். ஆனால் முழுநேரமும் ஓரத்துக்கு அனுப்பினால் எதிரணி யோசிக்கவே வேண்டியதில்லை. அவர்களுடைய வேகமான கார்னரை நிரந்தரமாக அவன்மேல் போட்டுவிடுவார்கள். வேகம் சுமார் என்று நீங்களே சொல்கிறீர்கள். அவனுக்குச் சாதகமில்லாத ஒரே போட்டியில் நாமே கொண்டுபோய் நிறுத்துவதாகிவிடும். என்.எஃப்.எல். டைட் எண்ட் ஜிம்மி கிரஹாமுக்கு இந்தக் கேள்வி பஞ்சாயத்து வரைக்கும் போனது. 2013 சீசனில் பெரும்பாலான நேரம் அவர் டேக்கிளை விட்டுத் தள்ளித்தான் நின்றார். அதனால் 2014இல் என்னை ரிசீவராகக் கணக்கில் எடுங்கள் என்று கேட்டார். சம்பளத்தில் சுமார் 50 லட்சம் டாலர் வித்தியாசம். நடுவர் டைட் எண்ட் என்றே தீர்ப்பு சொன்னார். சம்பளக் கதை இருக்கட்டும், எனக்குப் பிடித்தது அந்த ஆட்டமுறை. தள்ளி நின்றாலும் அவர் டைட் எண்டாகவே இருந்ததால்தான் லைன்பேக்கரும் சேஃப்டியும் எதிரே வந்து மாட்டினார்கள்.

சரி, எங்கெல்லாம் நிறுத்துவது? டேக்கிளை ஒட்டி நிற்பதை விட வேண்டாம், ஆனால் அதையே வீடாக்கவும் வேண்டாம். டேக்கிளுக்குப் பின்னால் ஒரு யார்டு தள்ளி, கொஞ்சம் வெளியே நிறுத்திப் பாருங்க. கிளம்பும்போதே நெஞ்சில் கை வைக்கிறான் என்றீர்களே, அந்தத் தொந்தரவு பாதி இதிலேயே போய்விடும். கை எட்டும் தூரத்தில் இவன் இருக்க மாட்டான், முதல் இரண்டு அடி சுதந்திரமாகக் கிடைக்கும். அங்கிருந்தே பிளாக்கும் செய்யலாம், மோஷனிலும், அதாவது ஆட்டம் கிளம்பும் முன்பே பக்கவாட்டில் நகர்ந்தும், போகலாம். அடுத்து ஸ்லாட், அதாவது டேக்கிளுக்கும் ஓரத்து ரிசீவருக்கும் நடுவில். அப்புறம் எனக்கு மிகவும் பிடித்த இடம்: மூன்று ரிசீவர்களையும் ஒரு பக்கம் குவித்துவிட்டு, இவனை மறுபக்கம் தன்னந்தனியாக நிறுத்துவது. அப்போது யார் வெளியே வருகிறான் என்று பந்தை எறிகிற குவார்ட்டர்பேக் பார்த்தால் போதும். லைன்பேக்கரோ சேஃப்டியோ இவனைத் தேடி ஓரத்துக்கு வந்தால் பெரும்பாலும் மேன் டிஃபன்ஸ், ஆளுக்கு ஆள் காவல். கார்னர் தன் இடத்திலேயே நின்றுகொண்டு இவனை வாங்கிக்கொண்டால் பெரும்பாலும் ஸோன், ஆளை விட்டு இடத்தைக் காப்பது. மோஷனும் இதே செய்தியைத்தான் சொல்லும். ஸ்னாப்புக்கு முன், அதாவது பந்தைப் பின்னால் கொடுத்து ஆட்டம் கிளம்பும் முன், இவனை இடமிருந்து வலமாக நடத்துங்க. கூடவே ஒருவன் ஓடி வந்தால் மேன், ஆட்கள் தோளை மட்டும் திருப்பிக்கொண்டால் ஸோன். உங்கள் ஊர் அணிகளில் இதை மறைக்கத் தெரிந்தவர்கள் அதிகம் இருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

ரூட், அதாவது பந்து வாங்க ஓடுகிற பாதை, நிறைய வேண்டாம். ஸ்டிக் ஒன்றை மட்டும் ஒழுங்காகப் பழக்குங்க. அஞ்சாறு யார்டு நேராக ஓட வேண்டும், அவசரமே இல்லாமல், ஆனால் எதிரே நிற்பவனின் உள்தோளை நோக்கி. ஸோன் என்றால் அங்கேயே நின்று, குவார்ட்டர்பேக்குக்கு மார்பைக் காட்டித் திரும்ப வேண்டும். காலை நிறுத்தியதும் இடுப்பை இறக்க வேண்டும். உயரமான பையன்கள் நின்றபடியே திரும்புவார்கள், அப்போது ரெண்டு அடி சறுக்கிப் போகும், அந்த ரெண்டு அடியில் பந்து கைமாறிவிடும். மேன் என்றால் காவல்காரன் உள்பக்கம் நிற்கிறானா வெளிப்பக்கமா என்று பார்த்து எதிர்ப்பக்கம் உடைய வேண்டும். அதே நேரத்தில் குவார்ட்டர்பேக் பக்கத்தில் நிற்கிற ரன்னிங் பேக் ஓரமாக வெளியே ஓட வேண்டும், அப்போதுதான் லைன்பேக்கர் ரெண்டு பேரில் ஒருவரை விட்டாக வேண்டும். கன்சாஸ் சிட்டிக்கு ஆடிய டைட் எண்ட் டிராவிஸ் கெல்சி பள்ளியில் குவார்ட்டர்பேக்காக இருந்தவர். அவர் ஓடுகிற விதத்தில் அது தெரியும், காலியான இடத்தைக் குவார்ட்டர்பேக் கண்ணால் பார்த்து நிற்பார். 2020இல் 1,416 யார்டு எடுத்தார், ஒரு சீசனில் டைட் எண்ட் எடுத்த அதிகபட்சம் அதுதான். அவர் பிடித்தவற்றில் எத்தனையோ கேட்ச் இப்படிச் சும்மா நின்று வாங்கியதுதான். அந்த மைதானத்தில் உட்கார்ந்து இதைப் பார்த்தபோது எனக்குக் கைதட்டக்கூடத் தோன்றாது, அவர் எப்போது நின்றார் என்று பக்கத்தில் இருப்பவரைக் கேட்பேன்.

ஸ்டிக் பழகிய பிறகு சீம். டைட் எண்ட் நிற்கிற இடத்திலிருந்து நேர்மேலே. நடுவில் ஒரே சேஃப்டி என்றால் அவனுக்கும் கார்னருக்கும் இடையில் வாங்கலாம். ரெண்டு சேஃப்டி பின்னால் பிரிந்து நின்றால் அவர்களுக்கு நடுவே வளைந்து போகலாம். ஸ்டிக்கை நாலு முறை வாங்கிய பிறகு லைன்பேக்கர் ஆறாவது யார்டில் நின்று காத்திருப்பான், அப்போதுதான் சீம் போட வேண்டும். முதல் பிளேயிலேயே போட்டு வீணாக்காதீர்கள்.

பாஸ்கெட்பால் பையன் என்றதால் ஒன்று சொல்ல வேண்டும். ஆன்டோனியோ கேட்ஸ் காலேஜில் ஃபுட்பாலே ஆடவில்லை. கென்ட் ஸ்டேட்டில் பாஸ்கெட்பால் மட்டும். 2003இல் அணிகள் புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கிற டிராஃப்டில் யாரும் எடுக்கவில்லை, சார்ஜர்ஸ் அணி சும்மா ஒப்பந்தம் போட்டுச் சேர்த்துக்கொண்டது. 116 டச்டவுன், அதாவது மைதானத்தின் கடைசிப் பகுதியான எண்ட் ஸோனில் பந்து சேர்த்தது, டைட் எண்டுகளில் இன்றைக்கும் அதுதான் முதலிடம். 2025இல் சாதனையாளர்களுக்கான ஹால் ஆஃப் ஃபேமுக்கும் போனார். உங்கள் அவிநாசித் தம்பிக்கு இதைச் சொல்லுங்க, அவருடைய வீடியோக்களை எண்ட் ஸோன் பக்கம் மட்டும் தேடிப் பார்க்கச் சொல்லுங்க.

மருதமலை அடிவாரம்:

நான் எதிர்ப்பக்கத்து ஆள், சேஃப்டி ஆடுகிறவன். கோபி அண்ணன் சொன்னது எல்லாம் சரிங்க. டிஃபன்ஸ் பக்கமிருந்து ரெண்டு விஷயம் சேர்க்கிறேன்.

டைட் எண்டின் கையைத்தான் நான் முதலில் பார்ப்பேன். ஓட்டம் என்றால் முன்னால் சாய்ந்து எடையைக் கொடுப்பதால் தரையில் ஊன்றிய விரல்கள் அழுந்தி நகம் வெளுத்திருக்கும். பாஸ் என்றால் விரல்கள் புல்லைச் சும்மா தொட்டுக்கொண்டிருக்கும், குதிகாலில் எடை இருக்கும். புதிய பையன்கள் எல்லாரும் இப்படிக் காட்டிக்கொடுப்பார்கள். ஸ்னாப்புக்கு முன்பே நான் நாலு அடி பின்னால் போய்விடுவேன். உங்கள் தம்பியின் கையை ஒரு நாள் மொபைலில் வீடியோ எடுத்துப் பாருங்க.

இன்னொன்று, பிளாக்கிங் கட்சிக்காரர்கள் சொல்வதை ஒதுக்க வேண்டாம். உண்மையாகவே முட்டி நிற்கிற டைட் எண்டுக்குத்தான் நான் பயப்படுவேன். ரெண்டு பிளே என் லைன்பேக்கரைத் தள்ளிக்கொண்டு போவான். மூன்றாவது பிளேயில் அதே மாதிரி தலையைக் குனிந்து தோளைக் கொடுப்பான், குவார்ட்டர்பேக் ஓட்டத்துக்குக் கொடுப்பதுபோல் பந்தை நீட்டுவார், நான் ஓட்டத்தைத் தடுக்க முன்னால் வருவேன். அப்போது அவன் நழுவி எனக்குப் பின்னால் போயிருப்பான். பிளாக்கை அரைமனதோடு செய்கிறவன் இந்த ஏமாற்றை என்னிடம் செய்யவே முடியாது, நான் நம்ப மாட்டேன். ஜார்ஜ் கிட்டில் 2018இல் 1,377 யார்டு எடுத்தவர், அவர் ஒரு ஓட்ட பிளேயில் ஆளை விடாமல் தள்ளிக்கொண்டு போவதைப் பார்த்தால் நான் சொல்வது புரியும்.

பல்லடம் ரோடு:

கோபி அண்ணா, மருதமலை அண்ணா, ரொம்ப நன்றிங்க. கை விஷயம் இன்றைக்கே பார்க்கிறேன். ஒரு சந்தேகம். போன வாரம் அவனை டேக்கிளை ஒட்டி நிறுத்தி, அவனுக்கு வெளியே அதே கோட்டில் ஒரு ரிசீவரையும் நிறுத்தினோம். கேட்ச் பிடித்ததும் எதிரணி, இவன் பந்து பிடிக்கவே தகுதி இல்லாதவன் என்று சண்டைக்கு வந்துவிட்டது. யார் சொல்வது சரி? அப்புறம், எண்ட் ஸோன் கிட்டே போனதும் எங்களுக்குக் கை ஓடுவதில்லை. அங்கே அவனை எப்படிப் பயன்படுத்துவது?

வாய்க்கால்மேடு:

எதிரணி சொன்னதுதான் சரி தம்பி. ஸ்னாப் நேரத்தில் பந்து இருக்கிற கோட்டில் குறைந்தது ஏழு பேர் இருக்க வேண்டும். அந்த வரிசையின் இரண்டு முனையில் நிற்பவர்களும், கோட்டுக்குப் பின்னால் நிற்பவர்களும்தான் பாஸ் பிடிக்கலாம். டைட் எண்டுக்கு வெளியே இன்னொருவன் கோட்டிலேயே நின்றால், முனை அவனுடையதாகிவிடும். உங்கள் பையன் லைன்மேன் கணக்கில் போய்விடுவான். வெளியே நிற்கிற ரிசீவரை ஒரு யார்டு பின்னால் இழுங்க, இவன் முனையாகிவிடுவான். அல்லது ரிசீவரைக் கோட்டில் விட்டு இவனைப் பின்னால் இழுங்க. ஆனால் யாரை இழுத்தாலும் ஏழு குறையக் கூடாது, மறுபக்கத்து ரிசீவர் கோட்டில் இருக்கிறானா என்று பாருங்க. இடம் மாறி மாறி நிறுத்த ஆரம்பித்தால் இந்தத் தவறு அடிக்கடி வரும். அதனால் ஸ்னாப்புக்கு முன் ஓரத்து ரிசீவர் கையை நீட்டித் தான் கோட்டில் இருக்கிறேனா பின்னால் இருக்கிறேனா என்று காட்டுகிற பழக்கத்தைக் கொண்டுவாங்க.

எண்ட் ஸோன் கிட்டே, அவனைத் தனியாக ஒரு பக்கம் நிறுத்துகிற அந்த அமைப்புதான். பத்து யார்டுக்குள் வந்துவிட்டால் சேஃப்டிகளுக்குப் பின்னால் இடம் கிடையாது, வேகத்துக்கு மதிப்புக் குறைந்துவிடும், உயரத்துக்கு மதிப்புக் கூடிவிடும். உள்பக்கமாக மூன்று அடி சாய்ந்து ஓடி, காவல்காரனை முதுகில் வாங்கிக்கொண்டு, முகத்துக்கு மேலே பந்தை வாங்கட்டும். குவார்ட்டர்பேக் பந்தைத் தாழ்வாக மட்டும் போடக் கூடாது. உயரமாகப் போட்டால் ஒன்று இவன் பிடிப்பான், இல்லை யாருக்கும் இல்லாமல் கோட்டுக்கு வெளியே போகும். எதிரணி ரெண்டு பேரை அவன்மேல் அனுப்பினால் மறுபக்கம் மூன்று ரிசீவர்களுக்கு எதிரே ஆள் குறையும். அந்த நேரத்தில் பிடிவாதமாக இவனுக்கே போட வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை பயிற்சிக்கு ஒன்று. ஆட்டம் ஆரம்பிக்கும் முன் அவனையும் குவார்ட்டர்பேக்கையும் மட்டும் தனியாக எடுத்து, ஒரு பையனைக் காவலுக்கு விடுங்க. காவல்காரன் உள்ளே நிற்பதா வெளியே நிற்பதா, ஒட்டுவதா விலகுவதா என்பதை அவன் இஷ்டத்துக்கு விட்டுவிடுங்க. ஸ்டிக் ஒன்றே ஒன்று, திரும்பத் திரும்ப. குவார்ட்டர்பேக்கும் டைட் எண்டும் வாய் திறந்து பேசிக்கொள்ளக் கூடாது, ரெண்டு பேரும் அந்தக் காவல்காரனைப் பார்த்தே ஒரே முடிவுக்கு வர வேண்டும். வந்துவிட்டார்கள் என்றால் சீம் சேருங்க. அந்த வீடியோ இருந்தால் இங்கே போடுங்க, நானும் பார்க்கிறேன். மைதானத்தில் மாடிப்படி ஏதாவது இருந்தால் அதில் ஏறி நின்று எடுங்க.