புதுப்பிப்பு: பெரிய தனியார் வலையமைப்புக்கான ஐபி முகவரிகள் – தீர்வு கிடைத்தது

ஒன்றாக இணைக்கப்படவிருக்கும் இரண்டு உள்வலையமைப்புகளிலும் 10.0.0.0/8 (10 என்று தொடங்கும், தனியார் பயன்பாட்டுக்கான ஐபிவி4) முகவரிகளே இருப்பதால் மோதல் வருகிறது, புதிய முகவரிகளை எங்கே பெறுவது என்று கேட்டிருந்தேன். பதில் தந்தவர்களுக்கு நன்றி.

பொது ஐபிவி4 (பழைய, 32 பிட் ஐபி வகை) முகவரிகளை விலைக்கு வாங்கவில்லை. இணையத்தையே தொடாத கணினிகளுக்கு அது வீண் செலவு. பலித்தது ஐபிவி6 (புதிய, 128 பிட் ஐபி வகை) உள்முகவரி யோசனைதான்; இவை உள்வலையமைப்புக்குள் மட்டும் பயன்படும் முகவரிகள். யாரிடமும் விண்ணப்பிக்க வேண்டியதில்லை. ‘எஃப்டி’ முன்னொட்டை அடுத்து 40 பிட்டுகளைக் குலுக்கல் முறையில் உருவாக்கினால் ஒரு /48 தொகுதி (முதல் 48 பிட்டுகள் பொதுவாக உள்ள முகவரிகள்) தயார். அதற்குள் 65,536 துணைவலையமைப்புகள்!

எதிர்பாராத ஒன்று: இருவகை முகவரியும் உள்ள கணினிகள் பிடிவாதமாக ஐபிவி4 வழியையே நாடின. ஆர்எஃப்சி 6724 என்னும் இணையத் தொழில்நுட்ப ஆவணம் தரும் இயல்பு வரிசையில் உள்முகவரிகளுக்கு ஐபிவி4ஐ விட முன்னுரிமை குறைவு. உள் டிஎன்எஸ்ஸில் (பெயருக்கு உரிய முகவரியைத் தரும் சேவை) உள்முகவரி பெற்ற சேவையகங்களின் ஐபிவி4 பதிவுகளை நீக்கியதும் சரியாகிவிட்டது. ஐபிவி6 அறியாத பழைய அச்சுப்பொறிகளுக்கு மட்டும் முகவரி மாற்றம் (வழியில் ஒரு முகவரியை இன்னொன்றாக மாற்றும் முறை) தொடர்கிறது.