ஸ்ப்ரேயரால் அடித்த சுவர் சொரசொர என்று இருக்கிறது, மெஷின் பழுதா?

கல்லடியான்:
வணக்கம், தெரிந்தவர்கள் உதவுங்கள். வீடு கல்லடியில், கடலுக்குக் கிட்ட. மாமாங்கக் கோயில் தீர்த்தத் திருவிழாவுக்குச் சொந்தக்காரர் வந்து நிற்பார்கள், அதற்கு முதல் விறாந்தையையும் முன் மதிலையும் நானே அடித்து முடிப்போம் என்று கரண்டில் வேலை செய்யும் ஸ்ப்ரேயர் ஒன்று வாங்கினேன். 500 வாட்ஸ், கையில் பிடிக்கிற சாதி, டப்பா கீழே இருக்கும். தண்ணீர் விட்டுப் பார்த்தபோது பனி மாதிரி வந்தது. எமல்ஷனை விட்டதும் துப்பத் தொடங்கிவிட்டது: கொஞ்சம் வரும், நிற்கும், பிறகு ஒரு பெரிய சொட்டு விழுந்து வழியும். வழியாத இடத்தைக் காய்ந்த பிறகு தடவினால் சான்ட்பேப்பர் மாதிரி. நிறம் மங்கும் என்று பெயின்டில் தண்ணீர் கலக்கவில்லை. அடித்தது பகல் இரண்டு மணிக்கு. மெஷினைத் திருப்பிக் கொடுக்கவா?

அக்கரைப்பற்று பெயின்ட் பாஸ்:
அவசரப்படாதீங்க தம்பி. தண்ணீர் ஒழுங்காக வந்தது என்றால் மோட்டார் பெரும்பாலும் சரிதான். கட்டிப் பெயின்டை இந்தச் சின்ன மெஷினால் தள்ள ஏலாது. முதலில் நாசில், அதாவது பெயின்ட் வெளியே வருகிற வாய், என்ன அளவு என்று பாருங்கள், 1.8 மில்லிமீற்றர் என்றால் அது எனாமலுக்கும் வார்னிஷுக்கும்தான், எமல்ஷனுக்கு 2.5 அளவில் வேண்டும். பிறகு ஒரு லீற்றருக்கு 100 மில்லி தண்ணீர் விட்டு நன்றாகக் கலக்குங்கள். மெஷினோடு அடியில் ஓட்டை உள்ள சின்னக் கப் ஒன்று வந்திருக்கும், அதை நிரப்பி எத்தனை செக்கனில் ஒழுகி முடிகிறது என்று எண்ணி, கையேட்டில் உள்ள கணக்கோடு ஒத்துப் பாருங்கள். இன்னும் கட்டி என்றால் 50 மில்லி விடலாம், ஆனால் வாளியில் எழுதியிருக்கும் அளவைத் தாண்ட வேண்டாம். நிறம் மங்காது, தண்ணீர் காய்ந்து போய்விடும். ஒரு கோட்டில் மூடுவது குறையும், அதனால் இரண்டு கோட் அடிக்க வேண்டிவரும், அவ்வளவுதான். கலக்கிய பிறகு பழைய நைலோன் காலுறையால் வடித்தே ஆக வேண்டும், வாளி விளிம்பில் காய்ந்த ஆடை ஒரு துண்டு போனாலும் நாசில் அடைக்கும்.

ஆரையம்பதி அக்கா:
எனக்கும் இதே துப்பல் இருந்தது தம்பி, எனக்குப் பிழை வேறு இடத்தில். மெஷினின் துப்பாக்கி மாதிரிப் பிடியிலிருந்து டப்பாவுக்குக் காற்றுக் கொண்டுபோகும் சின்ன ரப்பர் குழாய் ஒன்று இருக்கும், அந்தக் காற்றுத்தான் பெயின்டை மேலே தள்ளுவது. டப்பாவை நிறைத்துவிட்டுச் சரித்தால் பெயின்ட் அதற்குள் ஏறி, அங்கே உள்ள மெல்லிய ரப்பர் வால்வில் காய்ந்து ஒட்டிவிடும். கழற்றிக் கழுவிப் பாருங்கள். டப்பாவின் வாசரும் ஒழுங்காக இருக்க வேண்டும். உள்ளே உறிஞ்சுகிற குழாயின் வளைவு, கீழ்ப்பக்கம் அடிக்கும்போது முன்னுக்கும், மேலே பார்த்து அடிக்கும்போது பின்னுக்கும் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பாதி டப்பாவிலேயே காற்றை இழுக்கும்.

அக்கரைப்பற்று பெயின்ட் பாஸ்:
அக்கா சொன்னது சரி. சொரசொரப்புக்குக் காரணம் வேறு. இது கச்சான் என்கிற வறண்ட காற்று வீசுகிற காலம், பகல் இரண்டு மணிக்குப் பெயின்ட் துளி சுவருக்குப் போக முதலே பாதி காய்ந்துவிடும், காய்ந்த துளிதான் மண் மாதிரி ஒட்டுகிறது. காலை ஆறு மணிக்குத் தொடங்கி ஒன்பதுக்கு முதல் முடியுங்கள். சுவருக்கும் நாசிலுக்கும் ஒரு சாண், 20 முதல் 25 சென்றிமீற்றர். மணிக்கட்டை விசிறி மாதிரி ஆட்டாமல் கையை முழுதாக நகர்த்துங்கள், ஒவ்வொரு வரியும் முந்தின வரியில் பாதியை மூட வேண்டும். முந்திச் சொரசொரத்த இடத்தை 180 நம்பர் சான்ட்பேப்பரால் உரைத்துத் தூசு துடைக்காமல் மேலே அடிக்காதீங்க.

சம்மாந்துறை வாசகர்:
காக்கா, இதே மெஷினால் இரும்புக் கேற்றுக்கு என்.சி. தின்னர் (லாக்கர் பெயின்டை இளக்குகிற திரவம்) கலந்து அடிக்கலாமா?

அக்கரைப்பற்று பெயின்ட் பாஸ்:
வேண்டவே வேண்டாம். என்.சி. தின்னர் ஆவி சட்டென்று தீப்பிடிக்கும், உங்கள் கையிலேயே மோட்டார் ஓடிக்கொண்டிருக்கிறது. டேர்பன்டைன் கலக்கிற எனாமல் என்றாலும் கையேட்டில் அனுமதி இருக்கிறதா என்று பார்த்து, வெளியில் வைத்து, ஆவி வடிக்கிற கார்ட்ரிட்ஜ் மாஸ்க் போட்டு அடியுங்கள். துணி மாஸ்க் ஆவியைத் தடுக்காது.

கல்லடியான்:
இரண்டு பேருக்கும் நன்றி. நாசில் 2.5 தான் இருந்தது. ரப்பர் வால்வு முழுக்கப் பெயின்ட் ஒட்டிக்கிடந்தது, கழுவினேன். 100 மில்லி போதவில்லை, 150 விட்டதும் கப் கணக்குச் சரியாக வந்தது. இன்று காலை விறாந்தை முடிந்தது, தடவினால் வழுவழுப்பு. நாளைக்கு முன் மதில், மேலே இரண்டு வரிசை பூக்கல் (ஓட்டை வைத்த அலங்காரக் கல்) இருக்கிறது.

அக்கரைப்பற்று பெயின்ட் பாஸ்:
சந்தோசம் தம்பி. விறாந்தைக்கு ரோலரும் போதும், பூக்கலுக்குத்தான் ஸ்ப்ரேயர் உண்மையில் உதவும். ஆனால் பெயின்ட் ஓட்டைகளால் மற்றப் பக்கம் போகும், பின்னால் ஒரு பழைய சீலையைக் கட்டுங்கள், அயல்வீட்டார் மோட்டார் சைக்கிள் நிற்பாட்டியிருந்தால் இரவே சொல்லி எடுப்பியுங்கள்.