முதல் தடவை ஆடினதுலயே மறக்க முடியாத கோல்ஃப் கோர்ஸ் எது? படிச்சுட்டுப் போனீங்களா, சும்மா போனீங்களா?

கடலோரம்:
எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப வருஷமா பேசிப் பேசியே தள்ளிப்போன ஸ்காட்லாந்து பயணம் ஒருவழியா முடிவாயிடுச்சு. நாலு பேர் போறோம். ப்ரெஸ்ட்விக், நார்த் பெர்விக் ரெண்டும் புக் பண்ணியாச்சு, செயின்ட் ஆண்ட்ரூஸ் ஓல்டு கோர்ஸ் மட்டும் குலுக்கல்ல பேர் வந்தா உண்டு. இதுல ஒரு சண்டை ஓடிட்டிருக்கு. கூட வர்ற ஃப்ரெண்டு ஒவ்வொரு ஹோலுக்கும் (அடிக்க ஆரம்பிக்கற இடத்துலேர்ந்து குழி வரைக்கும் ஒரு ஹோல்) ட்ரோன் வீடியோ பாத்து, எந்த பங்கர் (மணல் நிரப்பின பள்ளம்) எத்தனை யார்டுல இருக்கு, எங்க அடிச்சா நல்லதுன்னு ஒரு நோட்டே போட்டு வச்சிருக்கார். எனக்கு அது பிடிக்கல. ஒரு கோர்ஸை முதல் தடவையா பாக்கறது வாழ்க்கையில ஒரே ஒரு தடவைதான் கிடைக்கும், அதை ஃபோன் திரையில பாத்துத் தீர்த்துட்டு அங்க போய் என்ன பாக்கறதுங்கறது என் கட்சி.

அதனால கேக்கறேன், நீங்க முதல் தடவை ஆடினதுல மனசுல நின்னுபோன கோர்ஸ் எது, எந்த ஹோல், அங்க போறதுக்கு முன்னாடி எவ்வளவு தெரிஞ்சு வச்சிருந்தீங்க? ஸ்கோர் சொல்ல வேணாம், அந்த இடம் உங்களை என்ன பண்ணுச்சுன்னு சொல்லுங்க.

மணல்குழி:
ப்ரெஸ்ட்விக் போறீங்கன்னா தயவுசெஞ்சு எதையும் பாக்காம போங்க, இதை நான் ரொம்ப சீரியஸா சொல்றேன். 1860ல முதல் ஓப்பன் சாம்பியன்ஷிப்ங்கற பெரிய போட்டி நடந்த இடம் அது, அப்ப மொத்தமே 12 ஹோல்தான், எட்டு பேர் ஒரே நாள்ல மூணு சுத்து ஆடி வில்லி பார்க் ஜெயிச்சார். 1925க்கு அப்புறம் அங்க ஓப்பன் நடக்கவே இல்ல, கூட்டத்தைத் தாங்கற அளவுக்கு இடம் இல்ல. ஒருவிதத்துல அதுவே நல்லதாப் போச்சு, யாரும் பெருசா வெட்டி ஒட்டி மாத்தாம விட்டுட்டாங்க.

முதல் ஹோல்லயே வலது பக்கம் ஒரு சுவர், சுவருக்கு அந்தப் பக்கம் ரயில் தண்டவாளம், நீங்க டீயில (ஹோல் ஆரம்பிக்கற இடம்) முதல் ஷாட் அடிக்க நிக்கும்போது ரயில் போனாலும் போகும். மூணாவதுல கார்டினல்னு ஒரு பங்கர், மரக்கட்டையால சுவர் கட்டி ஃபேர்வேக்கே (நடுவுல வெட்டிவிட்ட புல்பாதை) குறுக்க கிடக்கும். ஆனா நான் சொல்ல வந்தது அஞ்சாவதும் பதினேழாவதும்தான். அஞ்சாவது பேரு ஹிமாலயாஸ், பார் 3 (மூணு அடியில முடிக்க வேண்டியது), முன்னாடி பெரிய மணல்மேடு நிக்குது, கிரீன் (குழி இருக்கற வழவழப்பான புல்தரை) கண்ணுலயே படாது, மேட்டுல இருக்கற அடையாளத்தைப் பாத்து அடிச்சுட்டு ஏறிப் போய்ப் பாக்கணும். பதினேழாவது ஆல்ப்ஸ், அங்க ரெண்டாவது ஷாட்ல அதே கதை, மேட்டைத் தாண்டினா சஹாரான்னு பேர் வச்ச பெரிய பங்கர் கிரீனுக்கு முன்னாடி படுத்திருக்கு. அடிச்சுட்டு அந்த மேட்டுல ஏறுற அந்த நடை இருக்கே, பந்து எங்க இருக்குன்னு தெரியாம, நெஞ்சு அடிச்சுக்க, அதுக்காகவே அங்க போகலாம். கேடி (பையைத் தூக்கிட்டு வழி சொல்ற ஆள்) அந்த பங்கரைப் பத்தி வாயே திறக்கல, மேல ஏறி நிக்கறப்ப என் முகத்தைத்தான் பாத்துட்டிருந்தார். ரெண்டாவது தடவை போனா ஆல்ப்ஸ் அப்பவும் நல்ல ஹோல்தான், ஆனா முதல் தடவை மேல ஏறி எட்டிப் பாத்த மாதிரி இருக்கவே இருக்காது. அதை வீடியோல பாத்துட்டுப் போறவங்களை நினைச்சா எனக்கு மனசே ஆறல.

காத்துவாக்கு:
மணல்குழி சொல்றது ப்ரெஸ்ட்விக்குக்கு சரி, ஓல்டு கோர்ஸுக்கு நான் ஒத்துக்க மாட்டேன். அங்க எதுவும் தெரியாம போனா ஏதோ மேடுபள்ளமான பெரிய புல்வெளியில நடந்துட்டு வந்த மாதிரி இருந்துடும், இது என்ன பிரமாதம்னு கேட்டுட்டுத் திரும்பி வர்றவங்க நிறைய பேர். அந்த கோர்ஸோட அழகு கண்ணுக்கு நேரா நிக்காது. 112 பங்கர் இருக்கு, அதுல நிறைய டீயில நின்னா தெரியாது, ஏன்னா முன்னெல்லாம் அந்த கோர்ஸை எதிர்த் திசையில சுத்தி ஆடுவாங்க, அந்தப் பக்கம் இருந்து வர்றவங்களுக்கு எதிர்ல இருந்த குழியெல்லாம் இப்ப நமக்கு முதுகைக் காட்டிட்டு நிக்குது. 18 ஹோலுக்கு 11 கிரீன்தான், 1, 9, 17, 18 நாலுக்கும்தான் தனி கிரீன், மிச்சமெல்லாம் ரெண்டு ரெண்டு ஹோல் சேந்து ஒரே கிரீன், கூட்டிப் பாருங்க 2ம் 16ம், 3ம் 15ம், 5ம் 13ம், எல்லாமே 18 வரும். போற பக்கம் வெள்ளைக் கொடி, வர்ற பக்கம் சிவப்புக் கொடி. இதெல்லாம் தெரிஞ்சாத்தான் நீங்க நிக்கற இடம் எப்பேர்ப்பட்ட இடம்னே புரியும்.

அமெரிக்க ஆட்டக்காரர் பாபி ஜோன்ஸ் 1921ல முதல் தடவை அங்க ஓப்பன் ஆட வந்தார், மூணாவது சுத்துல 11வது ஹோலோட வெறுத்துப்போய் போட்டியை விட்டுட்டார். அதே ஆள் 1927ல அதே இடத்துல ஓப்பன் ஜெயிச்சார், 1930ல அமெச்சூர் சாம்பியன்ஷிப்பும் அங்கதான் ஜெயிச்சார், 1958ல ஊரே அவருக்கு கௌரவக் குடிமகன் பட்டம் குடுத்தது. உலகத்துலயே நல்லா ஆடின ஆளுக்கே அந்த இடம் முதல் பார்வையில பிடிபடல, நமக்கு மட்டும் நாலு மணி நேரத்துல பிடிபடுமா?

அதனால நான் சொல்றது, வீடியோ வேணாம், யார்டு நோட்டும் வேணாம், ஆனா கோர்ஸோட கதையைப் படிங்க, நல்ல கேடி ஒருத்தரை கண்டிப்பா வச்சுக்கோங்க. அவர் தூரத்துல ஒரு சர்ச் கோபுரத்தைக் காட்டி அதுக்கு நேரா அடின்னா அடிங்க, ஏன்னு கேக்காதீங்க. இன்னொண்ணு, ஞாயித்துக்கிழமை ஓல்டு கோர்ஸ்ல பொதுவா ஆட்டம் கிடையாது, ஊர் ஜனங்க நாயைக் கூட்டிட்டு அதுமேலதான் வாக்கிங் போவாங்க. குலுக்கல்ல பேர் வராட்டியும் அன்னைக்குப் போய் நடங்க. பதினேழாவது கிரீன் பக்கத்துல இருக்கற அந்த ரோடு ஹோல் பங்கரோட ஓரத்துல நின்னு உள்ள எட்டிப் பாருங்க, பதினெட்டாவது கிரீனுக்கு முன்னாடி இருக்கற பள்ளத்துல இறங்கிப் பாருங்க. டிவியில பல வருஷமா பாத்த தரை இவ்வளவு ஏத்த இறக்கமான்னு வாயடைச்சுப் போயிடுவீங்க.

பின்ஒன்பது:
எனக்கு ராயல் மெல்போர்ன், வெஸ்ட் கோர்ஸ். நான் எதுவுமே படிக்காம போனேன், போய்ட்டு வந்து படிச்சேன், படிச்சப்பதான் அங்க என் கண்ணை யார் என்ன பண்ணாங்கன்னு புரிஞ்சுது. கோர்ஸ் வடிவமைக்கற அலிஸ்டர் மெக்கென்சி 1926ல ஆஸ்திரேலியா வந்து போட்ட திட்டம், அலெக்ஸ் ரஸ்ஸலும் மிக் மார்கமும் கட்டி முடிச்சு 1931ல ஆட விட்டாங்க. மெக்கென்சி அடிப்படையில டாக்டர், தென்னாப்பிரிக்காவுல நடந்த போயர் போர்ல இருந்தப்ப எதிரிப் படை மண்ணோட மண்ணா எப்படி மறைஞ்சுக்குதுன்னு கவனிச்ச ஆள், அந்த வித்தையை அப்படியே பங்கர் வெட்டறதுல கொண்டுவந்துட்டார். டீயில நிக்கும்போது பங்கர் கிரீனை ஒட்டி இருக்கற மாதிரி தெரியும், பக்கத்துல போனா நடுவுல நல்ல இடம் கிடக்கும். இன்னொரு இடத்துல இதுக்கு நேர் எதிர், புல்லு முடியற இடத்துலயே கத்தியால வெட்டின மாதிரி மணல் ஆரம்பிச்சிடும், நடுவுல ரஃபே (நீளமா விட்ட புல்லு) கிடையாது.

பத்தாவது ஹோல் சின்ன பார் 4, இடது பக்கம் மேட்டோட ஒடம்புலயே பெரிய பங்கர். நேரா கிரீனுக்கே அடிச்சுடலாம்னு கூப்பிடுது பாருங்க, அந்த இடத்துல நின்னு யோசிக்கறதுதான் கோல்ஃப். எதை அடிக்கறதுன்னு வலது கை ஒண்ணு சொல்லுது மூளை ஒண்ணு சொல்லுது. இந்த கோர்ஸை முன்னாடியே வரைபடத்துல பாத்திருந்தா அந்த ஏமாத்து வேலையே என்கிட்ட பலிச்சிருக்காது, மெக்கென்சி பாடுபட்டு செஞ்சதை நானே கெடுத்த மாதிரி ஆகியிருக்கும். அதனால என் ஓட்டு கடலோரத்துக்குத்தான்.

நடந்தேஆடறவன்:
லஹிஞ்ச் பத்தி யாரும் சொல்லலையே. அயர்லாந்து மேற்குக் கரை. அஞ்சாவது ஹோல் டெல், பார் 3, ரெண்டு மணல்மேட்டுக்கு நடுவுல கிரீன் ஒளிஞ்சிருக்கும், மேட்டு மேல ஒரு வெள்ளைக்கல்லு, அன்னைக்கு கொடி எங்க இருக்கோ அதுக்கு நேரா கல்லை நகத்தி வைப்பாங்க, அவ்வளவுதான் உங்களுக்குக் கிடைக்கற தகவல். அதுக்கு முந்தின ஹோல் க்ளாண்டைக்ல மேட்டு மேல ஒருத்தர் கொடியோட நின்னு எப்ப அடிக்கலாம்னு கை காட்டுவார். இந்தக் காலத்துல புதுசா ஒருத்தர் இப்படி ஹோல் வரைஞ்சா விட மாட்டாங்க, ஆனா இன்னைக்கும் அங்க இருந்து வெளிய வர்ற அத்தனை பேரும் இந்த ரெண்டைப் பத்திதான் பேசிட்டு வருவாங்க. அங்க ஒரு வெள்ளாட்டுக் கூட்டம் இருக்கு, அதுங்க காலையில கிளப் கட்டடத்துப் பக்கமா ஒதுங்கி நின்னா மழைன்னு அர்த்தம். அதையும் பாத்துக்கிட்டேன்.

டார்னக்கும் சொல்லணும், ராயல் டார்னக். ஸ்காட்லாந்துலயே வடக்க ரொம்ப தூரம், உங்க பிளான்ல இல்லைன்னு தெரியும், ஆனாலும். கோர்ஸ் வடிவமைச்ச டொனால்ட் ராஸ் பிறந்த ஊர் அது. கிரீனெல்லாம் மேடு மேல தூக்கி வச்சிருக்கும், கொஞ்சம் விலகினா பந்து நாலு பக்கமும் வழிஞ்சு ஓடிடும். அமெரிக்காவுல இருக்கற பைன்ஹர்ஸ்ட் நம்பர் 2 கோர்ஸ்ல அவர் ஏன் அப்படி கிரீன் போட்டார்னு டார்னக்ல நடந்தா பேச்சே இல்லாம புரியும், சின்ன வயசுல பாத்து வளந்த மண்ணை கடல் தாண்டி எடுத்துட்டுப் போயிருக்கார் மனுஷன். முள்ளுப்புதர் மஞ்சளா பூத்துக் கிடக்கற நேரத்துல போனா டீயில நின்னு அடிக்கவே மனசு வராது.

கடலோரம்:
அடேங்கப்பா, இவ்வளவு எழுதுவீங்கன்னு எதிர்பாக்கல, நன்றி. காத்துவாக்கு அண்ணா, கதையைப் படி, படத்தைப் பாக்காதேங்கறது நல்ல வழியா இருக்கு, ஃப்ரெண்டுகிட்ட சொல்லிப் பாக்கறேன். இன்னொரு கேள்வி, புது கோர்ஸ்ல முன்னாடி பின்னாடின்னு இருக்கற டீயில எதுல இருந்து ஆடறது? எங்க குழுவுல ரெண்டு பேர் ஹேண்டிகேப் (ஆட்டத் திறமையைச் சொல்ற எண், கூடினா திறமை கம்மி) 20க்கு மேல, ஆனா சாம்பியன் எல்லாம் அடிச்ச டீயிலதான் நிப்பேன்னு ஒரே அடம்.

பின்ஒன்பது:
ஸ்கோர்கார்டுல ஸ்லோப் ரேட்டிங் (சாதாரண ஆட்டக்காரங்களுக்கு கோர்ஸ் எவ்வளவு கஷ்டம்ங்கற எண்) போட்டிருக்கும், 113 நடுத்தரம், 155 உச்சம். 130 தாண்டினாலே அந்த ஹேண்டிகேப்காரங்களுக்கு நாள் முழுக்க பாடுதான். முன்னாடி டீக்கு வாங்க. அதுல ஒரு அவமானமும் இல்ல, லிங்க்ஸ்ல (கடலோர மணல்மேட்டு கோர்ஸ்) காத்து ஒண்ணு இருக்கு, அது தூரத்தை எல்லாம் தலைகீழாக்கிடும். அமெரிக்காவுல பெபிள் பீச் கோர்ஸ் ஏழாவது ஹோல் கிட்டத்தட்ட 106 யார்டு, கடலைப் பாத்து இறக்கத்துல அடிக்கற குட்டி பார் 3. அதுலயே 1992 யுஎஸ் ஓப்பன் கடைசி நாள் காத்துல டாம் கைட் கிரீனை விட்டுட்டார், அப்புறம் வெளிய இருந்தே சிப் பண்ணி (சின்னதா தூக்கி அடிச்சு) நேரா குழியில போட்டு, அன்னைக்கு ஜெயிச்சும் காட்டினார். காத்து அடிச்சா நூறு யார்டே போதும் நம்ம எல்லாரையும் சோதிக்க.

மணல்குழி:
ஆமா. பின்னாடி டீயில நின்னா ப்ரெஸ்ட்விக்ல மேட்டைத் தாண்டறதுக்கே மூச்சு வாங்கும், கிரீன்ல நின்னு ரசிக்க தெம்பு இருக்காது. இன்னொரு விஷயம், பந்தை உயரத் தூக்கி அடிச்சே பழகினவங்க போறதுக்கு முன்னாடி தரையோட உருட்டி அடிக்கப் பழகிக்கோங்க. 40 யார்டுல இருந்து புட்டரை (கிரீன்ல பந்தை உருட்டற மட்டை) எடுத்தா யாரும் ஒரு மாதிரி பாக்க மாட்டாங்க, அங்க அதுதான் சரியான ஷாட். கோர்ஸைப் படிக்கறதை விட்டுட்டு இதைப் பழகச் சொல்லுங்க உங்க நோட்டு ஃப்ரெண்டை.

காத்துவாக்கு:
நார்த் பெர்விக் பத்தி ரெண்டு வரி மட்டும் சொல்றேன், மிச்சத்தை கெடுக்க மாட்டேன். 15வது ஹோல் பேரு ரெடான், பார் 3. வலது முன்பக்கத்துல இருந்து இடது பின்பக்கமா சரிஞ்சு ஓடற கிரீன், இடது முன்னாடி ஆழமான பங்கர். இதைப் பாத்துதான் சார்லஸ் மெக்டொனால்ட் அமெரிக்காவுல நேஷனல் கோல்ஃப் லிங்க்ஸ்ல நாலாவது ஹோல் போட்டார், அதுக்கப்புறம் உலகம் பூரா எத்தனையோ நகல். உங்க ஊர் கோர்ஸ்லயே ஒரு ரெடான் இருந்தாலும் இருக்கும், மூலத்துல மட்டும் டீயில நின்னா கிரீனோட தரை தெரியாது. 13வதுல கிரீனுக்கு முன்னாடி ஒரு கல் சுவர் இருக்கு. கோல்ஃப் கோர்ஸ்ல சுவர் எதுக்குன்னு கேக்காதீங்க, கோர்ஸுக்கு முன்னாடியே சுவர் இருந்துச்சு. பந்து சுவரை ஒட்டி நின்னுடுச்சுன்னா பின்பக்கமா, பக்கவாட்டுலன்னு எப்படி எடுக்கறதுன்னு எல்லாரும் கூடி நின்னு யோசிப்பீங்க, அந்தப் பேச்சு ராத்திரி வரைக்கும் ஓடும்.

ஓல்டு கோர்ஸ் குலுக்கலுக்கு ஆடற நாளுக்கு ரெண்டு நாள் முன்னாடி மத்தியானம் 2 மணிக்குள்ள பேர் குடுக்கணும், கம்மியா ரெண்டு பேர் இருக்கணும். நாலு பேரும் சேந்து ஒரே பேரா குடுங்க, அங்க இருக்கற ஒவ்வொரு நாளும் விடாம குடுங்க. தனியா போறவங்களுக்கு 2024லேர்ந்து தனி குலுக்கல் வச்சிருக்காங்க, முன்ன மாதிரி விடிய விடிய வரிசையில நிக்க வேண்டியதில்ல. ஹேண்டிகேப் சான்று எல்லாரும் கையில வச்சுக்கோங்க, கேப்பாங்க.

கடலோரம்:
எல்லாத்தையும் குறிச்சுக்கிட்டேன். ஃப்ரெண்டும் இதைப் படிச்சுட்டார், ப்ரெஸ்ட்விக் வீடியோ இன்னும் பாக்கலையாம், இனி பாக்க மாட்டேன்னு சொல்லிட்டார். நார்த் பெர்விக் மட்டும் ஏற்கனவே பாத்துட்டாராம். போய்ட்டு வந்து இதே இடத்துல எழுதறேன், ரெண்டு பேருக்கும் எது எப்படி இருந்துச்சுன்னு.